பின்சக்கரமும் திரும்பும் பக்கிக்கு எந்த ஆக்சில்? லேண்ட் குரூசர், டானா 60, யூனிமாக்: ஓர் ஒப்பீடு

டர்பனுக்கு வடக்கே டொங்காட்டில், கரும்புக் காடுகளை ஒட்டிய ஒரு பட்டறையில், லேண்ட் குரூசர் 79 இரட்டைக் கேபின் பக்கி ஒன்று சட்டம் மட்டும் மிஞ்சும் அளவுக்குக் கழற்றப்பட்டு நிற்கிறது. பிக்-அப் வண்டியைத் தென்னாப்பிரிக்காவில் எல்லாரும் பக்கி என்றுதான் சொல்வோம். அண்டர்பெர்க் பக்கத்துப் பண்ணைகளில் உள்ள பாறைத் தடங்களுக்காக, 40 அங்குல டயரும், கனரக ஆக்சில்களும், திரும்பக்கூடிய பின்சக்கரங்களும் கொண்டதாக அதை மாற்றுவதே திட்டம். லெசோத்தோவுக்கு ஏறும் சானி கணவாய்க்கு இத்தனை பாடு தேவையில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான்கு சக்கர இயக்கம் சரியாக உள்ள வண்டி எதுவும், கம்பெனியிலிருந்து வந்த நிலையிலேயே, 2,876 மீட்டர் உயரத்து உச்சிக்கு நிதானமாக ஏறிவிடும்.

பின்சக்கரம் திரும்ப வேண்டியதன் காரணம் எளிய கணக்கு. இந்தப் பக்கியின் முன், பின் ஆக்சில்களுக்கு இடையே 3,180 மி.மீ. தூரம் உள்ளது. முன்சக்கரம் மட்டும் 30 பாகை திரும்பினால், முன் ஆக்சிலின் மையம் ஏறத்தாழ 6.4 மீட்டர் ஆரத்தில் வளையும். பின்சக்கரமும் எதிர்ப்புறமாக அதே அளவு திரும்பினால், அந்த ஆரம் 3.2 மீட்டராகிறது, அதாவது சரிபாதி. இரண்டு பாறைகளுக்கு இடையே மூன்று முறை முன்னும் பின்னும் போய்த் திருப்ப வேண்டிய இடத்தில் ஒரே வளைவில் கடந்துவிடலாம்.

பின்னாலும் திரும்ப வேண்டுமென்றால் அங்கே பொருத்தப்படுவது ஒரு முன் ஆக்சிலாகத்தான் இருக்க முடியும். எனவே எந்த ஆக்சிலைத் தேர்ந்தாலும், முதலில் அதன் கிரவுன் பினியனை, அதாவது ஷாஃப்டின் சுழற்சியைச் சக்கரங்களின் பக்கம் திருப்பும் பல்லிணையை, பார்க்க வேண்டும். பினியன் தாழ்வாக அமைந்த முன் ஆக்சிலை அரைவட்டமாகத் திருப்பிப் பின்னால் வைத்தால், பற்களின் வலுவான முகம் வேலை செய்யும். பினியன் உயர்வாக, எதிர்த்திசையில் வெட்டிய பற்களோடு வரும் ஆக்சிலை அப்படி வைத்தால், மேடேறும்போது முழுச் சுமையும் பற்களின் பலவீனமான முகத்தில் விழும். வலிமை பற்றிப் பேசுகிறவர்கள் பலர் இதை விட்டுவிடுகிறார்கள்.

மலிவான வழி, லேண்ட் குரூசரின் முன் ஆக்சிலையே முன்னும் பின்னும் போடுவது. நம் ஊரில் எந்தப் பழைய உதிரிபாகக் கடையிலும் கிடைக்கும். பேரிங், சீல் எல்லாம் அன்றைக்கே வாங்கலாம். 79-இன் பின்சக்கரங்களுக்கு இடையிலான அகலம் முன்சக்கரங்களின் அகலத்தைவிடச் சுமார் 95 மி.மீ. குறைவு என்ற பழைய குறையும் இதனால் தானாகவே தீர்ந்துவிடும். ஆனால் பலரும் பரிந்துரைக்கும் 80 தொடரின் முன் ஆக்சில் உயர் பினியன் வகை. அதைப் பின்னால் வைப்பது மேலே சொன்ன தவறேயாகும். அடுத்தது, திரும்பும் முனையில் குண்டுகள் வழியாகச் சக்கரத்துக்கு விசையைக் கடத்தும் பர்ஃபீல்ட் மூட்டு. சென்ற ஆண்டு ஒன்றைப் பிரித்தபோது, கறுத்த கிரீசுக்குள் விரலை விட்டு ஒவ்வொன்றாக ஆறு குண்டுகளையும் வெளியே எடுத்தேன். வெளிக்கிண்ணம் ஓரத்தில் நகம் மாட்டும் அளவுக்கு விரிசல் விட்டிருந்தது. அந்த வண்டியில் இருந்தவை 35 அங்குல டயர்கள்தாம். உயர்தர எஃகு ஷாஃப்ட் போட்டால் இன்னும் தாங்கும் என்பது உண்மை. ஆயினும் 35 அங்குலத்துக்கு மேல் போகிறவருக்கு இதை நான் சொல்ல மாட்டேன்.

டானா 60 அமெரிக்கக் கனரகப் பிக்-அப்களின் ஆக்சில். அதன் கிரவுன் சக்கரம் 248 மி.மீ. விட்டமுடையது, சக்கரத்தைத் தாங்கித் திரும்பும் நக்கிள் பந்து மூட்டில் அல்லாமல் கிங்பின் என்ற அச்சாணியில் நிற்கும் பழைய வகைதான் பாறை ஓட்டத்துக்கு விரும்பப்படுகிறது. 1991 வரை ஜிஎம் (ஜெனரல் மோட்டார்ஸ்) வண்டிகளில் வந்தது தாழ்பினியன். ஃபோர்டில் வந்த அதே தலைமுறை உயர்பினியன். ஆகவே முன்னால் ஃபோர்டு, பின்னால் ஜிஎம் என்று வைப்பதே பற்களுக்கு உகந்தது. ஆனால் ஃபோர்டில் டிஃப் (இரு சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுழல விடும் பல்லிணை) இடப்பக்கமும் ஜிஎம்மில் வலப்பக்கமும் இருக்கும்; ஆக்சிலைத் திருப்பினால் பக்கமும் மாறும். முன், பின் ஆக்சில்களுக்கு விசையைப் பிரித்துத் தரும் ட்ரான்ஸ்ஃபர் கேஸ் எந்தப் பக்கம் ஷாஃப்டை வெளியே விடுகிறது என்று பார்த்த பிறகே பணத்தை அனுப்ப வேண்டும். பழைய உதிரிபாகத்தை இந்நாட்டுக்குள் கொண்டுவர இறக்குமதி அனுமதியும் தேவை.

டானாவின் உண்மையான குறை அதன் திருப்பு மூட்டு. அது சிலுவை வடிவ யூ-மூட்டு. 40 பாகை திரும்பிய நிலையில், உள்ளே சீராகச் சுழலும் ஷாஃப்டின் வேகம் வெளியே ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை 0.77 மடங்குக்குக் குறைந்து 1.31 மடங்குக்கு ஏறும். டிஃப் பூட்டப்பட்டிருந்தால் சக்கரம் துள்ளித் துள்ளி நகர்வதை இருக்கையிலேயே உணரலாம். இதே துள்ளல் பின்னாலும் சேர்ந்துகொள்வதால், திருப்பு கோணத்தை 35 பாகையோடு நிறுத்திவிடுவது நல்லது.

மெர்சிடிஸ் பென்ஸின் கரடுமுரடுத் தடங்களுக்கான லாரியான யூனிமாக்கின் ஆக்சில் கதை வேறு. தென்னாப்பிரிக்க இராணுவத்தின் பஃபல் கவச வண்டி யூனிமாக் 416 சட்டத்தில் கட்டப்பட்டது. ஆகையால் யூனிமாக் இங்கே வேற்று மனிதர் அல்ல. சக்கரத்தின் மையத்துக்கு மேலே ஆக்சில் குழாய் செல்வதால், பாறை தட்டும் பயம் பாதியாகக் குறைகிறது. யூனிமாக் 404-இல் சக்கர முனைப் பல்லிணை மட்டும் 2.13 மடங்கு வேகத்தைக் குறைக்கிறது. எனவே டிஃப்பும் ஷாஃப்டும் சுமக்கும் முறுக்குவிசை பாதிக்கும் கீழே. டிஃப் பூட்டு தொழிற்சாலையிலிருந்தே வருகிறது. பாறைக்கென்றே பிறந்தது என்று சொன்னால் மிகையில்லை.

பிறகு ஏன் தயக்கம்? டிஃப்பும் சக்கர முனையும் சேர்ந்து 404-இன் மொத்த விகிதம் 7.56. டயர் 40 அங்குலம், கியர் நேர் கியர் (வேகம் மாறாத 1:1) என்று வைத்துக்கொண்டால், மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் எஞ்சின் நிமிடத்துக்குச் சுமார் 3,150 சுற்றில் ஓடும், நம் 4.2 லிட்டர் 1எச்இசட் டீசல் தன் உச்சத் திறனைத் தருவதே 3,800 சுற்றில்தான். டொங்காட்டிலிருந்து அண்டர்பெர்க் வரை அந்த இரைச்சலைக் கேட்டுக்கொண்டு போக யாருக்கும் மனம் வராது. ஷாஃப்ட் ஒரு குழாய்க்குள் ஓடுகிறது. அதை வெட்டிச் சாதாரண ஷாஃப்ட் பொருத்துவது தனி வேலை. பிரேக்கும் டிரம், சேற்றுத்தண்ணீரில் இறங்கி ஏறினால் சற்று நேரம் பிடிக்காது. சக்கர முனை ஒவ்வொன்றும் தனி எண்ணெய்ப் பெட்டி என்பதால், சீல் தேய்ந்தால் நான்கு இடங்களில் தண்ணீர் புகும். ஒருமுறை வடிகால் திருகைத் திறந்தபோது எண்ணெய்க்குப் பதில் தேநீர் நிறத்தில் பால்போன்ற குழம்பு வந்தது இன்னும் நினைவிருக்கிறது. வண்டி ட்ரெய்லரில் மட்டுமே தடத்துக்குப் போகும் என்றால் யூனிமாக். சாலையிலும் ஓட வேண்டும் என்றால் டானா. நாங்கள் டானாவை எடுத்தோம்.

பின்சக்கரத்தைத் திருப்புவது எப்படி என்பதிலும் போட்டி உண்டு. 2002 முதல் 2005 வரை ஜிஎம் விற்ற குவாட்ராஸ்டீர் வண்டிகளில், டானா 60-ஐ அடிப்படையாகக் கொண்ட பின் ஆக்சில் மின்மோட்டாரால் 12 பாகை வரை திரும்பியது. சாலைக்கு அருமை, பாறைக்குப் போதாது. பாறைக்கு ஹைட்ராலிக் சிலிண்டர்தான். 63 மி.மீ. துளையும் 38 மி.மீ. தண்டும் கொண்ட இருமுனைச் சிலிண்டர் 100 பார் அழுத்தத்தில் ஏறத்தாழ 2 டன் தள்ளும். 200 மி.மீ. நகர அதற்கு 0.4 லிட்டர் எண்ணெய் வேண்டும். நிமிடத்துக்கு 8 லிட்டர் தரும் பம்பு அதை மூன்று விநாடியில் கொடுக்கும். அதே பம்பு முன்பக்கத்துக்கும் ஊற்ற வேண்டியிருந்தால் இரண்டும் சோம்பிவிடும். பின்பக்கத்துக்குத் தனிப் பம்பு வைப்பதே என் விருப்பம். குழாய், இணைப்பு எதற்கும் அலைய வேண்டியதில்லை. கரும்பு ஏற்றும் இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் கடைகள் இந்தக் கரையோரம் முழுக்க இருக்கின்றன.

கட்டுப்பாட்டுக்கு, விசையைத் தட்டினால் வால்வு திறக்கும் முறை மலிவு. சென்சார் வைத்துத் தானாக நடுநிலைக்குத் திரும்பும் முறை விலை அதிகம். முதல் முறையில் பின்சக்கரம் நேராக இருக்கிறதா என்பதை ஓட்டுநரே நினைவில் வைத்திருக்க வேண்டும். அதிலும் ஆக்சிலை அரைவட்டம் திருப்பியதால், கிங்பின்னின் சாய்வும் தலைகீழாகிவிட்டது. முன்னோக்கி ஓடும்போது சக்கரம் தானாக நேராவதற்குப் பதில் மேலும் விலகவே பார்க்கும், அதைப் பிடித்து நிறுத்துவது எண்ணெய் மட்டுமே. விசை முறை வைத்த இன்னொரு வண்டியைப் பாறைத் தடத்திலிருந்து வெளியே எடுத்து மண்சாலையில் விட்டபோது, வண்டி இடப்பக்கம் இழுப்பதைக் காற்றென்று நினைத்தேன். பக்கத்தில் இருந்த பட்டறை அண்ணன் சொன்னார்: “தம்பி, முன்னால திரும்புறத நீ பார்த்துக்குவ. பின்னால திரும்பி நிக்கிறத யாரு பார்க்குறது?” இறங்கிப் பார்த்தால் பின்சக்கரம் நாலைந்து பாகை கோணலாக இருந்தது.

ஆகவே சென்சார் முறையோடு, நக்கிள் கையையும் ஆக்சில் ஹவுசிங்கையும் துளைத்துச் செருகும் 25 மி.மீ. பூட்டு முளை ஒன்றையும் வைத்திருக்கிறோம். அது செருகப்பட்டிருந்தால்தான் டாஷ்போர்டில் பச்சை விளக்கு எரியும். பச்சை எரியாமல் பட்டறை வாசலை வண்டி தாண்டுவதில்லை.