கோவையில் ஒரு பழஞ்சாமான் கடை: பட்டாளத்துப் பெட்டியை நம்பி வாங்கலாமா?

மேட்டுப்பாளையம் சாலையை ஒட்டிய சந்தில் இருக்கும் இந்தக் கடையில் மரமோ தகரமோ, கொண்டி வைத்த பெட்டி எல்லாமே "மிலிட்டரி பெட்டி"தான். ஒரு பக்கம் சூலூர் விமானப்படைத் தளம், மலைமேல் வெலிங்டன் ராணுவ முகாம். குன்னூர், வால்பாறை எஸ்டேட் பங்களாக்களைக் காலி செய்யும்போதும் சாமான் இங்கேதான் இறங்குகிறது. சரக்கில் குறையில்லை. அதற்குச் சொல்லும் வயசும் விலையும்தான் தகராறு.

முகப்பில் நிற்பது பித்தளை மூலை பதித்த தேக்கு இழுப்பறைப் பெட்டி. விலை 85,000 ரூபாய். "கர்னல் வெச்சிருந்ததுங்க, அம்புக்குறி பாருங்க" என்கிறார் கடைக்காரர். அம்புக்குறி என்பது சர்க்கார் சொத்துக்குக் குத்தும் முத்திரை. சந்தேகத்தைக் கிளப்புவதே அதுதான். வெள்ளைக்கார அதிகாரிகள் இழுப்பறைப் பெட்டி, மடக்கு நாற்காலி எல்லாம் சொந்தக் காசில் வாங்கியவர்கள். சர்க்கார் சொத்து இல்லையென்றால் சர்க்கார் முத்திரை எதற்கு? செய்த கம்பெனியின் பெயரோ, வைத்திருந்தவர் பெயர் பொறித்த தகடோ இருந்தால் பொருத்தம். போதாததற்கு, இந்த முத்திரையின் பள்ளத்தில் துளி அழுக்கில்லை. சுற்றிலும் பாலிஷ் கறுத்துக் கிடக்க, பள்ளத்துக்குள் புது மரம் மஞ்சளாகத் தெரிகிறது.

இந்த வகைப் பெட்டி பெரும்பாலும் மேல்பாதி, கீழ்பாதி என இரண்டாகக் கழலும். இரண்டுக்கும் பக்கவாட்டில் கைப்பிடி, அடியில் திருகிக் கழற்றும் கால்கள். இங்கேயும் கழல்கிறது. ஆனால் மேல்பாதியின் பின்பலகை அகலத் தேக்கு. கீழே ஏதோ மட்டமான மரத்தில் மூன்று துண்டு. இழுப்பறையை உருவி மூலையைப் பாருங்கள்: பலகைகளைக் கோத்துப் பிடிக்கும் புறாவால் வடிவ டவ்டெயில் பற்கள் மேல்பாதியில் ஐந்து, கீழ்பாதியில் நான்கு. ஒரே உயர இழுப்பறைகளில் ஒரே ஆசாரி இப்படி மாற்றிச் செய்ய மாட்டார். இரண்டு பெட்டிகளின் மிச்சத்தைச் சேர்த்தது இது; பாதி விலைகூட அதிகம்.

பித்தளைக்குக் காந்தம் ஒன்று போதும், ஒட்டினால் முலாம் பூசிய இரும்பு. பின்பலகையில் ஒரு ஸ்க்ரூவைக் கழற்றச் சொல்லுங்கள். 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை மர ஸ்க்ரூக்களின் நுனி மொட்டையாக இருக்கும், தலையில் கையால் அறுத்த காடி நடுவில் விழாமல் விலகியிருக்கும். கூட்டல் குறி போலக் காடி வெட்டிய நட்சத்திரத் தலை என்றால் 1930-களுக்குப் பிந்தியது. ஆனால் ஒரு ஸ்க்ரூவை வைத்துத் தீர்ப்பு எழுத வேண்டாம், ரிப்பேரில் மாறியிருக்கலாம். எல்லாமே புதுசு என்றால்தான் கேள்வி.

வாங்கத் தகுந்தது பின்கட்டு குடோனில் கிடக்கிறது. பச்சைப் பெயிண்ட் அடித்த தளவாடப் பெட்டிகள், ஒன்று 4,500 ரூபாய். அம்பு முத்திரை இவற்றில்தான் இருக்க வேண்டும், இருக்கிறது. கூடவே டபிள்யூ.டி. (W.D.) என்ற எழுத்து இருந்தால் பிரிட்டிஷ் போர்த்துறை. 1855-க்கு முந்தியதென்றால் பி.ஓ. (B.O.), அதாவது அப்போதைய தளவாட வாரியம்; ஐ (I) என்ற எழுத்து இருந்தால் இந்தியத் தளவாடம். வெறும் அம்பைக் கண்டு வெள்ளைக்காரன் காலம் என்று மயங்க வேண்டாம். ரெட் ஃபீல்ட்ஸ் பக்கம் போகிற ராணுவ லாரியின் நம்பர் பிளேட்டில் இன்றைக்கும் அதே அம்பு இருக்கிறது.

பெயர், படை எண், ரெஜிமென்ட் மூன்றும் ஸ்டென்சிலில் இருக்கும் பெட்டிக்குக் கூடுதலாகக் கொடுக்கலாம். உலகப்போர்களில் இறந்தவர் என்றால், காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் காசில்லாமல் தேடிப் பார்க்கலாம்.

இந்த எழுத்துக்கு எமன் கடையின் பாலிஷ் பட்டறை. டெலிவரிக்கு முன்னால் "சுத்தம் பண்ணித் தாரோமுங்க" என்று உப்புத்தாள் போட்டுவிடுகிறார்கள். எழுத்தோடு பாதி விலையும் போகும். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கக்கூடும் என்பதால் அந்தத் தூசியும் ஆகாது. தொடாமல் கொடுங்கள் என்று அட்வான்ஸ் தரும்போதே எழுதி வாங்குங்கள். வீட்டில் காய்ந்த பிரஷ், பிறகு லேசான சோப்புத் தண்ணீரில் பிழிந்த பஞ்சு, அதுவும் ஓரத்தில் சோதித்துவிட்டு. தின்னர் வேண்டவே வேண்டாம், ஸ்டென்சில் கரைந்துவிடும். தூக்கும்போது அடியில் மாவு போலத் தூள் கொட்டினால் வண்டு இன்னும் உள்ளே வேலை செய்கிறது.

1,500 ரூபாய்க்கு மதிப்பீட்டுச் சான்றும் தருகிறார்கள். விற்பவரே மதிப்புப் போட்ட காகிதம் வேறெங்கும் செல்லாது, தண்டம். "அமெரிக்காவுக்கும் அனுப்பித் தரலாமுங்க" என்ற பேச்சு அதைவிட ஆபத்து. 1972-ஆம் வருடச் சட்டப்படி 100 வருடம் தாண்டிய தொல்பொருளைத் தனியார் நாட்டுக்கு வெளியே அனுப்ப முடியாது, விற்கவே தொல்லியல் துறை லைசென்ஸ் வேண்டும். வயது குறைவென்றால், தொல்பொருள் அல்ல என்று அந்தத் துறையிடமே சான்று வாங்கலாம். கர்னல் காலத்துப் பெட்டி என்று அடித்துச் சொல்பவரிடம் லைசென்ஸைக் கேட்டால், அதுவரை இறங்காத விலை இறங்குகிறது.

காலையில் போங்கள். மதியத்துக்கு மேல் குடோனில் பாலிஷ் வேலை நடப்பதால் உள்ளே விடுவதில்லை. டெம்போ வாடகை தனி.