கனவுச் சண்டைக்கு வலிப்பு மாத்திரை: ஒரு மனைவியின் அனுபவம்

என் வீட்டுக்காரருக்கு ஆர்.இ.எம். (கனவு வரும் உறக்கநிலை) உறக்க நடத்தைக் கோளாறு. கனவு வரும் நேரத்தில் நமக்கெல்லாம் கை கால் தசைகள் தளர்ந்துபோகும். இவருக்கு அது நடப்பதில்லை. கனவில் நாய் துரத்தினால் கட்டிலில் உதைப்பார். அடி எனக்கு விழும். காலையில் கேட்டால் நாய் மட்டும் ஞாபகம் இருக்கும். அதனால் மாத்திரை வேலை செய்கிறதா என்று சொல்ல, பக்கத்தில் படுப்பவருக்குத்தான் தகுதி அதிகம்!

ஸ்லீப் ஸ்டடி (ராத்திரித் தூக்கத்தைக் கருவிகளால் பதிவு செய்யும் பரிசோதனை) பார்த்துவிட்டு நரம்பியல் டாக்டர் எழுதியது குளோனாசெபம் 0.5 மி.கி., படுக்கப் போகும் முன். சீட்டைப் பார்த்த மருந்துக்கடைக்காரர், "வீட்டுல யாருக்குங்க ஃபிட்ஸ்?" என்றார். அவர் கேட்டதும் சரிதான், இது வலிப்புக்கான மருந்து. ஆனால் 1986-இல் அமெரிக்காவின் மின்னசோட்டாவில் ஷெங்க், மஹோவால்ட் என்ற டாக்டர்களின் குழுவினர் இந்தக் கோளாறை முதன்முதலில் விவரித்தபோதே சிலருக்கு இதைக் கொடுத்துப் பலன் கண்டிருக்கிறார்கள்.

முதல் வாரத்திலேயே வித்தியாசம் தெரிந்தது. குத்தும் உதையும் அநேகமாக நின்றுவிட்டன. முணுமுணுப்பும் விரல் துடிப்பும் இன்றும் உண்டு. தசை தளராத கோளாறு அப்படியேதான் இருக்கும், ஆட்டத்தின் வேகம்தான் குறையும் என்று டாக்டர் சொன்னார். அதனால் கட்டிலோரத்து மெத்தையை நான் இன்னும் எடுக்கவில்லை.

தொல்லை காலையில்தான். எழுந்தாலும் மந்தம் போகாது. பத்து மணிக்கு முன் ஸ்கூட்டர் சாவியைக் கொடுக்க மாட்டேன். இடையில் 1 மி.கி. ஆக்கியபோது ராத்திரி பாத்ரூம் போகையில் தள்ளாடினார், சொன்னதையே திரும்பத் திரும்பக் கேட்டார். அறுபதைத் தாண்டியவர், விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தால் என்ன செய்வது? டாக்டர் பழையபடி 0.5-க்கே இறக்கி, மெலடோனின் (தூக்கத்துக்கான ஹார்மோன்) 3 மி.கி. சேர்த்தார். எங்களுக்கு இதுதான் ஒத்துப்போகிறது. குறட்டை, மூச்சுத்திணறல் உள்ளவர்கள் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். குளோனாசெபம் அதைக் கூட்டலாம்.

ஒருமுறை வெளியூரில் மாத்திரை அட்டை தீர்ந்துவிட்டது. சீட்டில்லாமல் எந்தக் கடையிலும் தரவில்லை, அப்புறம் பழைய சண்டை திரும்பிவிட்டது. நீண்ட நாள் சாப்பிடுகிறவர்கள் இதைத் திடீரென நிறுத்தவே கூடாதாம், டாக்டர் சொல்லித்தான் படிப்படியாகக் குறைக்க வேண்டும். இப்போதெல்லாம் சீட்டின் நகல் என் கைப்பையில்.

இந்த வயதில் வரும் இந்தக் கோளாறு பலருக்குப் பார்க்கின்சன் நோயின் முன்னறிகுறியாக இருக்கிறது, சில சமயம் பல வருஷங்கள் முன்பே. அதைத் தடுக்க இந்த மாத்திரையால் ஆகாது. அதனால் அந்த நோயின் அறிகுறி தெரிகிறதா என்று ஒவ்வொரு முறை போகும்போதும் டாக்டர் அவரை நடக்கவிட்டுப் பார்க்கிறார், வாசனை தெரிகிறதா, மலச்சிக்கல் உண்டா என்று கேட்கிறார். "காபி வாசனை தெரியுது, இவ போடுற காபிதான் சரியில்லை" என்கிறார் இவர்.