பேலட் கன்வேயர், ஐந்து வருடத்துக்குப் பிறகு: மெஷின் தாங்கிவிட்டது, பேலட்தான் பாடாய்ப்படுத்தியது

பேலட் கன்வேயர், அதாவது சரக்கு அடுக்கிய பலகைத் தட்டை (பேலட்) நகர்த்திக்கொண்டு போகும் மெஷின், போடலாமா என்று கேட்பவர்கள் பெரும்பாலும் மோட்டார் எந்தக் கம்பெனி, நிமிடத்துக்கு எத்தனை மீட்டர் ஓடும் என்றுதான் விசாரிக்கிறார்கள். பெங்களூரு ஜிகணியில் ஒரு பெயிண்ட் ஆலையின் பராமரிப்புப் பிரிவில் இருந்துகொண்டு ஐந்து வருடத்துக்கு மேலாக இந்த மெஷினைப் பார்த்து வருகிறேன். மோட்டாரைப் பற்றிச் சொல்ல என்னிடம் அதிகம் எதுவும் இல்லை. போட்ட நாளிலிருந்து ஓடுகின்றன, அவ்வளவுதான். எங்களை அலைய விட்டது மேலே ஏறி வரும் மரப் பேலட்.

எங்களுடையது எப்படிப்பட்ட லைன் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். பேக்கிங் முடிவில் 20 லிட்டர் வாளிகளை 1200 x 1000 மில்லிமீட்டர் பேலட்டில் அடுக்குகிறோம். அடுக்குக்கு 12 வாளி, மூன்று அடுக்கு. ஒரு வாளி 28 கிலோ அளவுக்கு இருப்பதால் ஒரு பேலட் ஒரு டன்னைத் தாண்டிவிடும். அது செயினால் ஓடும் ரோலர் கன்வேயரில் ஏறி, ஸ்ட்ரெச் ஃபிலிம் சுற்றும் மெஷினுக்குள் போய் வந்து, ஒரு முனையில் 90 டிகிரி திசை மாறி, செயின் கன்வேயர் வழியாக டிஸ்பாட்ச் குடோனுக்குப் போகிறது. இதற்கு முன்பு இந்த வேலையை ஃபோர்க்லிஃப்ட்கள் செய்தன. பேக்கிங் ஹாலுக்குள் அவை குறுக்கும் நெடுக்கும் ஓடுவது நின்றதும், நசுங்கிய வாளிகள் கண்ணில் படுவதே குறைந்து போனது. இந்த ஒரு காரணத்துக்காகவே போட்ட காசு தகும் என்பேன்.

வேகத்தைப் பற்றி யாரும் கவலைப்பட வேண்டாம். எங்கள் ரோலர் நிமிடத்துக்கு 12 மீட்டர் ஓடுகிறது. 1.2 மீட்டர் பேலட்டுக்கு 0.3 மீட்டர் இடைவெளி விட்டால், கணக்குப்படி நிமிடத்துக்கு எட்டுப் பேலட். நடைமுறையில் ஃபிலிம் சுற்றும் மெஷின் ஒரு பேலட்டை அனுப்ப ஒரு நிமிடத்துக்கு மேல் எடுத்துக்கொள்ளும். கடைசியில் எடுக்க வரும் ஃபோர்க்லிஃப்ட் அதைவிட மெதுவாக வரும். வேகத்தைக் கூட்டினால் கிடைப்பது உயரமான சுமை ஆடுவது மட்டும்தான். மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் விஎஃப்டி டிரைவில் கிளம்பும் நேரத்தையும் நிற்கும் நேரத்தையும் கொஞ்சம் நீட்டி வைத்த பிறகுதான் மேல் அடுக்கு வாளிகள் நகராமல் வந்தன.

இனி பேலட். ரோலரில் போகும்போது பேலட்டின் அடிப்பலகைகள் ஓட்டத்தின் திசையிலேயே நீளவாக்கில் இருக்க வேண்டும், ரோலர்களைக் குறுக்காகக் கடக்க வேண்டும். செயின் கன்வேயரில் நேரெதிர்: பலகைகள் செயின்களுக்குக் குறுக்கே கிடக்க வேண்டும், இல்லாவிட்டால் செயின் இரண்டு பலகைகளுக்கு நடுவே வெறும் காற்றைத் தாங்கிக்கொண்டு ஓடும். அதனால்தான் எங்கள் 90 டிகிரி முனையில் பேலட்டைச் சுழற்றும் டர்ன்டேபிள் இல்லை. ரோலர்களுக்கு இடையிலிருந்து செயின் டிரான்ஸ்ஃபர் மேலே எழுந்து, பேலட்டைத் திருப்பாமல் அப்படியே பக்கவாட்டில் இழுத்துக்கொண்டு போகிறது. போகும் திசை மாறுகிறது, பலகையின் திசை மாறுவதில்லை, செயினுக்கு அதுதான் சரி. ஆனால் லோடு செய்பவர் பேலட்டைத் திருப்பி வைத்துவிட்டால் இரண்டு இடத்திலும் தகராறு.

அடுத்தது உடைந்த பலகை. எந்த நேரத்திலும் பேலட்டுக்கு அடியில் குறைந்தது மூன்று ரோலர் இருக்க வேண்டும் என்பது இந்தத் தொழிலில் எல்லோரும் சொல்லும் கணக்கு. எங்களுக்கு அதைவிடத் தாராளமாகவே இருக்கிறது. நல்ல பேலட்டுக்கு அது போதும். முன் முனையில் பலகை உடைந்து தொங்கும் பேலட்டுக்கு எத்தனை ரோலர் இருந்தும் பயனில்லை. தொங்கும் துண்டு இரண்டு ரோலர்களுக்கு நடுவே இறங்கி ஆப்பு அடித்தது போல் மாட்டிக்கொள்ளும், பின்னால் வரும் ரோலர்கள் தள்ளிக்கொண்டே இருக்கும், டிரைவ் ஓவர்லோடில் டிரிப் ஆகும். ஒரு டன் சுமையை அங்கிருந்து எடுப்பது அரை ஷிஃப்ட் வேலை.

ஏற்றுமதிப் பேலட்டுகளில் இன்னொரு விதமான தொல்லை. மரத்தின் உட்பகுதி வரை 56 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம் சூடாக்கி, மரப் பேக்கிங்குக்கான சர்வதேச விதியான ஐஎஸ்பிஎம் 15-இன் முத்திரை குத்தித்தான் அவற்றை அனுப்ப முடியும். சூடு காட்டுவது பூச்சிக்காக. அதனால் மரம் முழுதாகக் காய்ந்துவிட்டது என்று அர்த்தம் இல்லை. குடோனில் கிடந்து காயக் காய ஆணித் தலைகள் மெல்ல வெளியே எட்டிப் பார்க்கும். எங்கள் ரோலர்களில் இருக்கும் கீறல்களில் பாதி அந்த ஆணிகளின் கையெழுத்து.

பிளாஸ்டிக் பேலட் வாங்கினால் எல்லாம் தீர்ந்தது என்று நினைக்க வேண்டாம். ஒன்றுக்குள் ஒன்று அடுக்க வசதியாக ஒன்பது கால் வைத்த ரகம் ரோலருக்கு ஆகவே ஆகாது, கால்கள் இடுக்கில் இறங்கிவிடும். ஒரு வாடிக்கையாளர் அந்த ரகத்தில்தான் சரக்கு வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தபோது, அடியில் ஒரு தட்டையான இரும்புத் தட்டு வைத்து அதன் மேல் பேலட்டை ஏற்றி அனுப்பினோம். வேலை நடந்தது. ஆனால் காலியான தட்டுகளை லைனின் ஆரம்பத்துக்குத் திருப்பிக் கொண்டுவர ஒரு ஆள் தேவைப்பட்டார்.

கடைசியில் எங்களுக்குக் கைகொடுத்தது எங்கள் வெல்டர் செய்த ஒரு இரும்புச் சட்டம். லைன் ஆரம்பத்தில் நிற்கிறது. காலிப் பேலட் அதற்குள் புகுந்து வர வேண்டும்: அகலம் மிஞ்சினாலோ, பலகை தொங்கினாலோ இடிக்கும், ஓரம் கட்டிவிடுவோம். பர்ச்சேஸ் பிரிவுக்கு இது பிடிக்கவில்லை. பழைய பேலட் மலிவாகக் கிடைக்கும்போது எதற்குக் கழிக்கிறீர்கள் என்று கேட்டார்கள். லைன் நின்ற நேரத்தை எழுதிக் காட்டிய பிறகு கேட்பது நின்றது.

செயின் பற்றி. ஒவ்வொரு ரோலரின் முனையிலும் இரண்டு ஸ்ப்ராக்கெட் (பல் சக்கரம்), பக்கத்து ரோலருக்கு ஒரு செயின் வளையம், அதிலிருந்து அடுத்ததற்கு இன்னொன்று. இப்படிக் கைகோத்துப் போவதால் மோட்டாருக்குப் பக்கத்தில் இருக்கும் வளையங்கள்தான் மொத்தப் பாரத்தையும் இழுக்கின்றன, தேய்வதும் அவைதான். மோட்டாரை முனையில் வைக்காமல் நடுவில் வைக்கச் சொல்வது இதற்காகத்தான், பாரம் இரண்டாகப் பிரியும். இந்த வளையங்களை இறுக்க வழி கிடையாது, ரோலர்களின் இடைவெளி நிலையானது. தொளதொளவென்று ஆனால் மாற்ற வேண்டியதுதான். எங்கள் செயின் 15.875 மில்லிமீட்டர் பிட்ச் (ஒரு பின்னிலிருந்து அடுத்த பின் வரை உள்ள தூரம்). 20 பிட்ச் நீளம் புதிதில் 317.5 மில்லிமீட்டர் இருக்கும். அதை அளந்து 324-ஐத் தொட்டால், அதாவது 2 சதவீதம் நீண்டுவிட்டால், பல் தாண்டும்வரை காத்திருக்காமல் கழற்றிவிடுகிறோம். எண்ணெயும் அளவாக விட வேண்டும். பளபளவென்று வழிய விட்டால் மரத்தூளும் சிமெண்டுத் தூசியும் ஒட்டிக்கொண்டு செயினை அரைத்துவிடும். துடைத்துவிட்டு, மெல்லிய செயின் ஆயிலைப் பின்களுக்குள் இறங்குமாறு விடுவது போதும். செயினும் கனெக்டிங் லிங்க்கும் பெங்களூரு எஸ்ஜேபி ரோட்டுக் கடைகளில் கிடைத்துவிடும். ஸ்ப்ராக்கெட் வெல்டு செய்த ரோலர் அப்படிக் கிடைக்காது, இரண்டு மூன்று கையிருப்பில் வைத்திருங்கள்.

சென்சார்கள்தான் அடிக்கடி வம்பு செய்யும். எதிரில் இருக்கும் ரிஃப்ளெக்டரில் பட்டுத் திரும்பும் ஒளியை வைத்துத்தான் பேலட் நிற்கிறதா இல்லையா என்று அவை அறிகின்றன. ஃபோர்க் நுழையும் பொந்து வழியாக ஒளி கடந்துவிட்டால் பேலட் போய்விட்டது என்று நினைத்து அடுத்ததை அனுப்பிவிடும். லைனை இயக்கும் கன்ட்ரோலரான பிஎல்சி-யில் ஒரு சின்னத் தாமதம் வைத்தால் அது சரியாகும். பளபளக்கும் ஸ்ட்ரெச் ஃபிலிம் ரிஃப்ளெக்டர் போல ஒளியைத் திருப்பும், அதற்கு அந்த ஒளியில் ஏமாறாத போலரைஸ்டு சென்சார் வேண்டும். ஃபிலிமின் வால் தொங்கினால் காலி இடத்தில் பேலட் இருப்பதாகக் காட்டும், அதற்கு மருந்து கத்தரிக்கோல்தான். ஒரு ஆயுத பூஜைக்கு மறுநாள் லைன் கிளம்பவே இல்லை. பேனல், வயரிங், விஎஃப்டி எல்லாம் பார்த்து முடித்தபின், கிருஷ்ணகிரிக்காரரான எங்கள் ஃபிட்டர் வந்து, “அண்ணே, இங்க பாருங்க” என்று ஒரு ரிஃப்ளெக்டரைக் காட்டினார். நடுவில் அழகாகச் சந்தனப் பொட்டு, அதன் மேல் குங்குமம். இப்போது பூஜைக்கு முன்பே ரிஃப்ளெக்டர்களுக்குக் காகிதம் ஒட்டிவிடுகிறோம். பொட்டு எல்லாம் ஃபிரேமுக்கு.

கரண்ட் போய் ஜெனரேட்டருக்கு மாறும்போது லைன் தானாகக் கிளம்பக் கூடாது, ஒருவர் வந்து ரீசெட் அழுத்த வேண்டும். பிஎல்சி-க்கு ஒரு சின்ன யூபிஎஸ் இருந்தால் எந்த இடத்தில் எந்தப் பேலட் என்ற கணக்கும் மறக்காது.

எனக்கு இன்றும் பிடிக்காத விஷயம், இது ஹாலை இரண்டாக வெட்டிவிடுவது. அந்தப் பக்கம் போகச் சுற்றிப் போக வேண்டும், யாருக்குப் பொறுமை? ரோலர் மேல் கால் வைத்துத் தாண்டுவார்கள். ரோலர் உருளும், ஆள் விழுவார். எச்சரிக்கைப் பலகையை யாரும் படிப்பதில்லை. தாண்டிப் போகப் படிக்கட்டு வைத்த பிறகுதான் அது குறைந்தது. லேஅவுட் போடும்போதே அந்தப் படிக்கட்டைக் கேட்டு வாங்குங்கள். உயரமும் யோசிக்க வேண்டியது. எங்கள் ரோலர் தரையிலிருந்து 550 மில்லிமீட்டர், ஃபோர்க்லிஃப்டுக்கு வசதி. ஆனால் கையால் தள்ளும் பேலட் டிரக் சுமார் 200 மில்லிமீட்டர்தான் தூக்கும். ஃபோர்க்லிஃப்ட் ஒர்க்‌ஷாப்பில் இருக்கும் நாளில் கன்வேயர் சும்மா நிற்கும். கையால் ஏற்ற வேண்டியிருக்கும் இடத்தில் தரைமட்டச் செயின் கன்வேயரைப் பாருங்கள்.

முனைகளில் தரையில் பதித்த இரும்புத் தூண் கட்டாயம். கன்வேயரின் மொத்த நீளத்தில் ஃபோர்க்லிஃப்ட் இடிப்பது அந்த இரண்டு முனைகளைத்தான், வளைந்த ஃபிரேமில் ரோலர் நேராக உட்காராது.

சப்ளையர் விஷயத்தில் ஒன்று மட்டும். எங்களுக்குப் போட்டுக் கொடுத்தவர்கள் வேலையைச் சுத்தமாகத்தான் செய்தார்கள், ஆனால் பிஎல்சி புரோகிராமைக் கடவுச்சொல் போட்டுப் பூட்டிவிட்டுப் போனார்கள். ஒரு சென்சாரின் தாமதத்தை மாற்ற ஆள் வர வேண்டும், விசிட் சார்ஜ் தனி. பல மாதம் கடிதம் எழுதித்தான் கடவுச்சொல்லை வாங்கினோம். அடுத்த வருடம் குடோன் பக்கம் இரண்டாவது லைன் வருகிறது. அதற்கான பர்ச்சேஸ் ஆர்டரில் புரோகிராம் நகலும் கடவுச்சொல்லும் கைக்கு வந்த பிறகே கடைசித் தவணை என்று எழுதியிருக்கிறோம். சோதனை ஓட்டத்துக்கு அவர்கள் கொண்டுவரும் புதுப் பேலட் வேண்டாம், எங்கள் குடோனில் கழித்துப் போட்ட பேலட்டுகளைத்தான் ஏற்ற வேண்டும் என்பதும் அதில் இருக்கிறது.