எஸ்.எஸ்.பி. பயிற்சி வகுப்பு: கிரவுண்டுக்குக் கொடுத்த காசு வீண் இல்லை, மற்றது?

பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறையிலிருந்து வேலந்தாவளம் வழியாகக் கோவைக்குப் பஸ் பிடித்துப் பன்னிரண்டு நாள் போய் வந்த வகுப்பு இது, ராணுவ ஆபீசர்களைத் தேர்ந்தெடுக்கும் எஸ்.எஸ்.பி. இன்டர்வியூவுக்கான பயிற்சி. பெயர் வேண்டாம். பீஸ் 12,000 ரூபாய், அப்பா சீட்டுப் பணத்தை எடுத்துக் கொடுத்தார்.

அவரை நம்ப வைத்தது நோட்டீஸ்தான். ‘என்.சி.சி. சி சர்டிபிகேட் இருக்கா? நேரடியாக ராணுவ ஆபீசர்!’ பாதி பொய். காலேஜ் என்.சி.சி.யின் கடைசிப் பரீட்சையான சி சர்டிபிகேட்டில் குறைந்தது பி கிரேடு, டிகிரியில் 50 சதவீதம், வயது 19 முதல் 25 என்று இருந்தால் ஸ்பெஷல் என்ட்ரி என்ற என்.சி.சி. வழியில் எழுத்துத் தேர்வு கிடையாது, அவ்வளவுதான். ஐந்து நாள் எஸ்.எஸ்.பி., மெடிக்கல், மெரிட் லிஸ்ட் எல்லாம் உண்டு. டேராடூன் மிலிட்டரி அகாடமிக்குத்தான் போவேன் என்றால், என்.சி.சி.க்குத் தனி இடங்கள் இருந்தாலும் யு.பி.எஸ்.சி. நடத்தும் சி.டி.எஸ். எழுத்துத் தேர்வு எழுதியே ஆகவேண்டும். இதை முதல் நாளே கேட்டேன், “அப்புறம் பார்க்கலாம் தம்பி” என்றார்கள், கடைசி நாள் வரைக்கும் அந்த அப்புறம் வரவில்லை.

கிரவுண்டு மட்டும் அருமை. ரிட்டயர்டு சுபேதார் ஒருவர், காலை ஆறு மணிக்கே நிற்பார். கயிறு, பலகை, கட்டையைக் கொடுத்து, சிவப்பு பெயின்ட் அடித்த இடத்தில் கால் படாமல் எட்டுப் பேரும் தாண்டணும் என்பார். முதல் நாள் நான் பலகையை யாருக்கும் தராமல் நானே பிடித்துக்கொண்டு நின்றேன், காலேஜில் அண்டர் ஆபீசராக இருந்த திமிர். “இங்கே நீ கத்துறதை யாரும் மார்க் போட மாட்டான், கூட இருக்கிறவன் தாண்டினானான்னுதான் பார்ப்பான்” என்று திட்டினார். வீட்டில் தமிழ், கடையில் மலையாளம் என்று வளர்ந்த எங்களைத் தினமும் ஆளுக்கு மூன்று நிமிஷம் இங்கிலீஷில் பேச வைத்ததும் அவர்தான்.

சைக்காலஜி கிளாஸ் படு மோசம். படத்தை 30 செகண்ட் பார்த்து 4 நிமிஷத்தில் கதை எழுதுவதற்கு, இருபது ரெடிமேட் கதைகளை ஜெராக்ஸ் போட்டுக் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொன்னார்கள். பெங்களூர் எஸ்.எஸ்.பி.யில் இந்த டெஸ்ட் முடிந்து ராத்திரி பேசிக்கொண்டிருந்தபோதுதான் தெரிந்தது, எங்கள் வகுப்பிலிருந்து வந்த மூன்று பேருமே கதையில் அதே மாதிரி வெள்ளத்திலிருந்து ஊரைக் காப்பாற்றியிருக்கிறோம். சைக்காலஜிஸ்ட் சிரித்திருப்பார். (முதல் தடவை போகிறவர்களுக்கு ரயில் காசு திரும்பக் கிடைக்கும், டிக்கெட்டைத் தொலைக்காதீர்கள்.)

செலக்ட் ஆனபிறகு என்ன என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. சென்னைப் பரங்கிமலையில் ஓ.டி.ஏ. என்ற ஆபீசர் பயிற்சி அகாடமியில் 49 வாரம் பயிற்சி, முடித்தால் லெப்டினன்ட், சென்னைப் பல்கலைக்கழகத்தின் பி.ஜி. டிப்ளமோவும் உண்டு, சர்வீஸ் 10 வருஷம், வேண்டுமானால் இன்னும் 4 என்பதெல்லாம் அங்கே இருக்கும் காலேஜ் சீனியர் சொல்லித்தான் தெரியும். நம் என்.சி.சி. பத்து நாள் கேம்பில் கற்றுக்கொண்ட டிரில் முதல் வாரத்துக்குத்தான் காணும் என்றார் அவர்.

எனக்கு முதல் நாள் வடிகட்டும் ஸ்கிரீனிங் தாண்டியது, கடைசி நாள் ஆபீசர்கள் எல்லாரும் உட்கார்ந்து முடிவெடுக்கும் கான்பரன்ஸில் போய்விட்டது, கடைசியில் வாசித்த செஸ்ட் நம்பர்களில் என்னுடையது இல்லை. மறுபடி அப்ளை செய்கிறேன். வகுப்புக்குப் போகப் போவதில்லை. சுபேதார் சார் ஞாயிற்றுக்கிழமைகளில் தனியாகக் கிரவுண்டு எடுக்கிறார், ஒரு தடவைக்கு 200 ரூபாய், முதல் பஸ்ஸில் ஏறினால்தான் ஆறு மணியைப் பிடிக்க முடியும்.