அப்பா அறைக்குப் புது ஏசி: ஊரில் ஆன செலவும் நடந்த வேலையும்

பங்குனி பிறந்ததுமே அம்மாவிடமிருந்து போன். "ஏசி ஓடுது, காத்தும் வருது, குளிர்ச்சிதான் இல்ல. அப்பாவுக்கு ராத்திரி தூக்கமே இல்லடி." அப்பாவுக்கு 81 வயது. இதயத்துக்கு மருந்து சாப்பிடுகிறவர், வெக்கை அவருக்கு ஆகவே ஆகாது. மே மாதம் ஊருக்குப் போகலாம் என்று இருந்தவள் டிக்கெட்டை மாற்றிக்கொண்டு சித்திரை முதல் வாரத்திலேயே கிளம்பினேன். ஹூஸ்டனிலிருந்து சென்னை, அங்கிருந்து திருச்சி, அப்புறம் கார். கும்பகோணத்தைக் கடந்து நாச்சியார்கோயில் தாண்டிக் குடவாசல் போகும் வழியில் எங்கள் ஊர்.

முன்கட்டு ஓட்டு வீடு. திண்ணை, ரேழி, முற்றம் எல்லாம் உண்டு. அங்கே சித்திரையிலும் பகலில் உட்கார முடியும். அப்பாவின் அறை பின்கட்டில் 2009இல் எடுத்த கான்கிரீட் அறை. நாள் முழுக்க வெயில் வாங்கிய மொட்டைமாடி ராத்திரி பத்து மணிக்கும் அனலைக் கீழே இறக்கிக்கொண்டே இருக்கும். 2013இல் வாங்கிய ஒன்றரை டன் ஏசி அங்கேதான் இருந்தது.

பழைய ரசீதுகளை அம்மா ஒரு மஞ்சள் பையில் போட்டு வைத்திருந்தார். எடுத்துப் பார்த்தபோது மனசு கஷ்டமாகிவிட்டது. மூன்று கோடையாக ஆண்டுக்கு ஒரு தடவை கேஸ் நிரப்பியிருக்கிறார்கள். 2,800, 3,000, 3,200. ஏசியில் கேஸ் என்பது வண்டிக்குப் பெட்ரோல் மாதிரி தீர்ந்துபோகிற பொருள் இல்லை. மூடிய குழாய்க்குள் சுற்றிக்கொண்டே இருப்பது அது. குறைகிறது என்றால் எங்கோ ஓட்டை என்று அர்த்தம். ஓட்டையை அடைக்காமல் கேஸை மட்டும் நிரப்பிவிட்டுப் போனால் அடுத்த கோடையில் அதே வீட்டுக்கு அதே வேலை. வயதானவர்கள் இருக்கிற வீட்டில் யார் கேட்கப்போகிறார்கள்? அம்மா 9,000 ரூபாய் கொடுத்திருக்கிறார், வந்தவருக்குக் காபியும் போட்டுக் கொடுத்திருக்கிறார். கேட்க வேண்டியவள் நான், கிட்டத்தட்டப் பத்தாயிரம் மைலுக்கு அப்பால் இருந்தேன்.

பழையதைச் சரிசெய்ய முடியுமா என்றுதான் முதலில் விசாரித்தேன். அதில் இருந்தது ஆர்-22 கேஸ். ஓசோன் படலத்தைக் கெடுப்பதால் மாண்ட்ரியல் உடன்பாட்டின்படி உலகமே கைவிட்டு வருகிற கேஸ் அது. உள்ளே கேஸ் ஓடுகிற சுருள் குழாய், அதாவது கூலிங் காயில், அரித்துப் போயிருந்தது. காயிலை மாற்றி, கேஸும் நிரப்ப வேண்டும் என்றால் புது ஏசி விலையில் மூன்றில் ஒரு பங்கு ஆகும். சரி, புதுசே வாங்கிவிடுவோம் என்று முடிவு செய்தோம்.

கும்பகோணத்தில் மூன்று கடை ஏறி இறங்கினேன். 2025 செப்டம்பர் 22 முதல் ஏசிக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்திருக்கிறது. ஒன்றரை டன் மூன்று ஸ்டார் 36,000 சுற்றி, ஐந்து ஸ்டார் 44,500. ஒரு கடையில் "மேலே மொட்டைமாடின்னா ரெண்டு டன் போட்டுடுங்க மேடம்" என்றார்கள். அறை 12க்கு 11 அடிதான். அறையின் அளவைக்கூடக் கேட்காமல் டன்னைச் சொல்கிற கடையில் வாங்க வேண்டாம் என்று வந்துவிட்டேன்.

ஸ்டார் விஷயத்தில் ஒன்று கவனிக்க வேண்டும். இந்தியாவில் மின்சிக்கனத்துக்கு ஸ்டார் கொடுக்கிற அளவுகோலைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை இறுக்குகிறார்கள். 2022 ஜூலையில் ஒருமுறை இறுக்கினார்கள், 2026 ஜனவரியில் மறுபடியும். அதனால் பழைய சரக்கின் ஐந்து ஸ்டாரும் புதுச் சரக்கின் ஐந்து ஸ்டாரும் ஒன்றல்ல. எந்தக் காலத்து மதிப்பீடு என்பது ஸ்டிக்கரிலேயே அச்சாகியிருக்கும். அதில் ஆண்டுக்கு எத்தனை யூனிட் என்றும் போட்டிருப்பார்கள், 1,600 மணி நேரம் ஓடினால் என்ற கணக்கு. நான் பார்த்த இரண்டில் மூன்று ஸ்டாருக்கு 957, ஐந்து ஸ்டாருக்கு 751. அப்பாவின் அறையில் ஏசி ஆண்டுக்கு 2,400 மணி நேரமாவது ஓடும். அப்படியென்றால் வித்தியாசம் 300 யூனிட்டுக்கு மேல். நம் ஊரில் இரண்டு மாதத்துக்கு ஒரு பில், 500 யூனிட்டைத் தாண்டிவிட்டால் தாண்டுகிற யூனிட்டுக்கு 8 ரூபாய்க்கு மேல். கோடையில் எங்கள் வீடு தாண்டாமல் இருந்ததில்லை. கூடக் கொடுக்கும் 8,500 ரூபாய் நாலைந்து ஆண்டில் கரண்ட் பில்லிலேயே திரும்பிவிடும். ஐந்து ஸ்டாரையே எடுத்தேன்.

மறுநாள் காலை பொருத்துவதற்கு இரண்டு பையன்கள் வந்தார்கள். இருபது, இருபத்திரண்டு வயசு இருக்கும். சுறுசுறுப்பான பிள்ளைகள். பழையதைக் கழற்றி, புதியதைச் சுவரில் மாட்டி, குழாயை முடுக்குவதற்கு ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. அப்புறம் ஒரு பையன் அவுட்டோர் யூனிட்டின் வால்வை லேசாகத் திறந்தான். 'உஸ்' என்று சத்தம்.

"என்ன தம்பி பண்றீங்க?"

"உள்ள இருக்கிற காத்தை வெளிய தள்றோம்க்கா. கேஸைக் கொஞ்சம் விட்டா காத்து போயிடும்."

"வேக்குவம் பம்ப் எங்கே?"

இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். "பம்ப் கொண்டு வரலக்கா. எல்லா வீட்டுலயும் இப்படித்தான் போடுறோம்."

நிறுத்தச் சொன்னேன். குழாய்க்குள் இருக்கும் காற்றை உறிஞ்சி எடுப்பதற்குத்தான் அந்தப் பம்ப். புது ஏசியில் இருப்பது ஆர்-32. லேசாகத் தீப்பிடிக்கும் தன்மை உள்ள கேஸ். அதை வைத்துக் காற்றைத் தள்ளுவது தப்பு. அது மட்டுமில்லை, குழாய்க்குள் ஈரக்காற்று தங்கிவிட்டால் கம்ப்ரஸர் எண்ணெயோடு சேர்ந்து அமிலமாகும். முதல் வருஷம் ஒன்றும் தெரியாது. மூன்று நாலு வருஷத்தில் கம்ப்ரஸர் போகும், அப்போது யாரும் பொருத்திய அன்றைக்கு நடந்ததை நினைத்துப் பார்க்க மாட்டார்கள்.

பையன்கள்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. ஒரு வீட்டுக்கு இவ்வளவு என்று கூலி, சித்திரையில் ஒரு நாளைக்கு ஆறேழு வீடு. பம்பை வைத்துக்கொண்டு அரை மணி நேரம் காத்திருந்தால் அவர்களுக்கு ஒரு வீடு குறையும், சாப்பாட்டு நேரமும் போகும். அவர்களை அனுப்புகிறவர்கள் பம்பும் கொடுப்பதில்லை, அந்த அரை மணிக்குக் கூலியும் கொடுப்பதில்லை. அம்மா இரண்டு பேருக்கும் மோர் கொடுத்தார். நான் சூப்பர்வைசருக்குப் போன் போட்டு, பம்ப் வராமல் வேலை முடிந்ததாகக் கையெழுத்துப் போட மாட்டேன் என்று சொன்னேன்.

அடுத்த நாள் வந்தவர் நாற்பது வயதுக்காரர். ஐ.டி.ஐ. படித்துவிட்டு குவைத்தில் பதினோரு வருஷம் இதே வேலை பார்த்தவர். பையிலிருந்து பம்பை எடுத்துத் துணியால் துடைத்துத் தரையில் வைத்தார். அதற்கு முன்னால் குழாயின் நுனிகளைக் கழற்றிப் பார்த்தார். ஒரு நுனியில் விரித்த ஓரம் மயிரிழை அளவு வெடித்திருந்தது. "இதுதான்க்கா, இப்படி விட்டா அடுத்த வருஷம் கேஸ் இல்லைன்னு கூப்பிடுவீங்க." நுனியை வெட்டிவிட்டு, பிசிறை வழித்து, திரும்ப விரித்தார். இரண்டு சொட்டு எண்ணெய் தடவி நட்டைக் கையாலேயே முடுக்கி, கடைசிச் சுற்றுக்குத்தான் ஸ்பேனர் போட்டார். பம்ப் இருபத்தைந்து நிமிஷம் ஓடியது. நிறுத்திவிட்டு மீட்டரைப் பார்த்தபடி பத்து நிமிஷம் சும்மா உட்கார்ந்திருந்தார். முள் அசையவில்லை, ஓட்டை இல்லை என்று அர்த்தம். கேஸைத் திறந்துவிட்டு, சோப்பு நுரையை இணைப்புகளில் தடவி, குமிழி வருகிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்தார். அந்த உட்கார்ந்திருந்த பத்து நிமிஷத்தைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன்.

இதற்கெல்லாம் முன்னால், அவுட்டோர் யூனிட்டை மொட்டைமாடியில் வைக்க வேண்டாம், வடக்குப் பக்கக் கொல்லைச் சுவரில் நிழலில் வைப்போம் என்றதும் அவர்தான். அதற்குக் கூடுதலாக ஐந்து மீட்டர் காப்பர் பைப். பழைய பைப்பையே போட்டால் 4,000 ரூபாய் மிச்சமாகுமே என்று அப்பா கேட்டார். ஆர்-32இன் அழுத்தம் ஆர்-22ஐவிட ஒன்றரை மடங்குக்கும் மேல், பழைய பைப்புக்குள் ஒட்டியிருக்கும் எண்ணெயும் வேறு வகை, சேராது என்று பொறுமையாக விளக்கினார். பைப்பின் மேலுறையை அணில் கடித்துவிடும் என்று மேலே பிவிசி குழாயும் போட்டுக் கொடுத்தார். நாகப்பட்டினத்தில் எங்கள் அத்தை வீட்டில் கடல் உப்புக் காற்றில் நாலே வருஷத்தில் அவுட்டோர் காயில் பொடிப்பொடியாக உதிர்ந்தது. எங்கள் ஊர் உள்ளடங்கி இருப்பதால் அந்தத் தொல்லை இல்லை. பல்லிதான் பயம். உள்ளே போய் போர்டில் ஒட்டிக்கொண்டு ஷார்ட் ஆக்கிவிடும். கேபிள் நுழைகிற ஓட்டையை மூடச் சொல்லுங்கள்.

காவிரி டெல்டாவில் ஏசி வைப்பவர்கள் வோல்டேஜைப் பார்க்காமல் இருக்கவே முடியாது. மேட்டூர் அணையை ஜூன் 12இல் திறப்பது வழக்கம். ஆனால் போர்வெல் வைத்திருப்பவர்கள் அதற்கு முன்னாலேயே குறுவை நெல்லுக்கு நாற்று விட ஆரம்பித்துவிடுவார்கள். ஊரைச் சுற்றி மோட்டார் ஓடும்போது வீட்டில் விளக்கு மங்கும். எலக்ட்ரீஷியன் சாயங்காலம் மீட்டர் வைத்துப் பார்த்தபோது 187 வோல்ட்தான். அதற்காக ஒரு ஸ்டெபிலைசர் வாங்கினோம். அதைவிடக் கவலை தந்தது எர்த், கசிகிற மின்சாரத்தை மண்ணுக்குள் இறக்கும் இணைப்பு. 2009இல் போட்ட எர்த் குழி வறண்டு, கம்பி துருப்பிடித்துத் தனியாக நின்றது. இத்தனை வருஷம் அப்பா அந்த அறையில் எர்த் இல்லாத ஏசியோடு படுத்திருக்கிறார். புதுக் குழி, மீட்டரிலிருந்து தனி லைன், கோளாறு வந்தால் தானாக அணையும் எம்சிபி சுவிட்ச் எல்லாம் சேர்த்து 6,800. இந்தப் பயணத்தில் நான் செலவழித்ததிலேயே மிக அவசியமான பணம் இதுதான்.

கணக்கு இது. ஏசி 44,500. கூடுதல் பைப் 4,250. ஸ்டாண்டு 900. பொருத்தும் கூலி 1,500. ஸ்டெபிலைசர் 3,400. எலக்ட்ரிக் வேலை 6,800. மொட்டைமாடிக்கு வெயிலைத் திருப்பும் வெள்ளைப் பூச்சு இரண்டு கோட்டு, ஆள்கூலியோடு 5,200. மொத்தம் 66,550. பழையதைக் கடையில் 4,000க்கு எடுத்துக்கொண்டார்கள். கையை விட்டுப் போனது 62,550. பழைய இரும்புக்காரர் கொஞ்சம் கூடவே தருவதாகச் சொன்னார், ஆனால் அவர் குழாயை வெட்டி மிச்ச கேஸைக் காற்றில் விட்டுவிடுவார் என்பதால் கொடுக்கவில்லை.

போன வருஷம் ஹூஸ்டனில் எங்கள் வீட்டு ஏசியை மாற்ற 11,400 டாலர் ஆனது. அங்கே ஓர் அறைக்கு ஓர் ஏசி என்பது இல்லை. வீடு முழுவதற்கும் ஒரே இயந்திரம், மூன்றரை டன், பரணில் ஒரு பாதி, வெளியே ஒரு பாதி. 2025 ஜனவரி முதல் ஆர்-410ஏ கேஸில் ஓடும் வீட்டு ஏசியைப் புதிதாகத் தயாரிக்கக் கூடாது என்று சட்டம் வந்து, புது கேஸ் இயந்திரங்கள் விலையும் ஏறியிருந்தது. அதோடு ஒப்பிட்டு ஊரில் சல்லிசு என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அப்பாவின் ஓய்வூதியத்தில் 62,550 என்பது இரண்டு மாதப் பணத்துக்கு மேல். ஆனால் ஹூஸ்டனில் பொருத்த வந்த மூன்று பேரும் பம்பை நான் கேட்காமலே கொண்டுவந்தார்கள். அந்த ஒன்று ஊரிலும் வர வேண்டும். அதற்காகக் கூலி ஐந்நூறு கூடினால் நாம் கொடுக்க வேண்டும்.

வெள்ளைப் பூச்சு காய்ந்த அன்றைக்கு ராத்திரி மேற்கூரையைக் கையால் தொட்டுப் பார்த்தேன். சூடு பாதிகூட இல்லை. அப்பா 27இல் வைத்து, ஃபேனை ஒன்றில் போட்டு, காலுக்குப் போர்வை கேட்டார். ஆறு மணி நேரம் எழுந்திருக்காமல் தூங்கினார். வாசலில் நின்று நான் இரண்டு தடவை எட்டிப் பார்த்தேன்.

வைகாசி பிறந்ததும் ஹூஸ்டன் திரும்பிவிட்டேன். போன வாரம் அம்மா பேசினார். எதிர் வீட்டில் புது ஏசி வாங்கியிருக்கிறார்களாம், அதே இரண்டு பையன்கள்தான் வந்தார்களாம். அம்மா தெருவைக் கடந்து போய் வாசலிலேயே கேட்டிருக்கிறார்: "தம்பி, பம்ப் எடுத்துட்டு வந்திருக்கீங்களா?"

"இருக்கும்மா, வண்டியில இருக்கு" என்று சொன்னார்களாம்.