சின்தசைசருக்குள் செயற்கை நுண்ணறிவு: நிறம் வருகிறது, அசைவு வருவதில்லை

யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு குறும்படங்களுக்கும் பக்திப் பாட்டுகளுக்கும், இடைக்கிடை கலியாண வீடியோக்களுக்கும் இசை செய்கிறவன் நான். கீபோட் வாசிப்பேன், பாட்டை ஒழுங்குபண்ணுவேன். ஆனால் ஒரு சொஃப்ட்வெயார் சின்தை, அதாவது கணினிக்குள் ஓடுகிற சின்தசைசரைத் திறந்து, வெறும் அலையிலிருந்து எனக்கு வேண்டிய சத்தத்தைக் கட்டி எழுப்புவது எப்போதும் பொறுமையைச் சோதிக்கிற வேலை. முன்கூட்டியே செய்துவைத்த சத்தங்கள், அதாவது பிரீசெட், ஆயிரக்கணக்கில் கிடக்கும். தேடித் தேடியே இரவு போய்விடும். கடைசியில் அகப்படுவது ஏதாவது டான்ஸ் கிளப்புக்குப் பொருந்துகிற சத்தம். சந்நிதி முருகன் பாட்டில் அதை எந்த இடத்தில் வைப்பது?

அதனால் ஒலி வடிவமைப்புக்கு உதவுகிற செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் வரத் தொடங்கியதும் ஆவலோடு எடுத்துப் பாவிக்கத் தொடங்கினேன். சில இன்னும் என் லப்டொப்பில் இருக்கின்றன, சிலவற்றை அழித்துவிட்டேன். என் அபிப்பிராயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இவை ஒரு ஒலியின் நிறத்தை, அதாவது இது வயலின், இது மணி என்று காட்டிக்கொடுக்கிற குணத்தைக் கெட்டித்தனமாகப் பிடிக்கின்றன. அந்த ஒலி எப்படி அசைகிறது என்பதைப் பிடிப்பதில்லை. எங்கள் இசையில் பாதி வேலை அசைவில்தான் இருக்கிறது.

முதலில் சின்பிளான்ட் 2. சொனிக் சார்ஜ் என்ற சுவீடன் நிறுவனத்தின் தயாரிப்பு, 2023இல் வந்தது. அதில் ஜெனோபட்ச் என்று ஒரு வசதி. சின்ன ஒலித்துண்டு ஒன்றைக் கொடுத்தால், அதைப் போல ஒலிக்கிற பட்ச் ஒன்றை, அதாவது சின்தின் திருகுகளின் அமைப்பு ஒன்றைத் தன் சின்துக்குள் தேடிக் கட்டித் தரும். சாம்பிளை அப்படியே திருப்பி ஓடவிடுவதில்லை. அலையை எழுப்புகிற ஒஸிலேட்டர், அதை வடிகட்டுகிற ஃபில்டர், சத்தம் எழும்பி அடங்குகிற விதத்தைத் தீர்மானிக்கிற என்வலப் எல்லாம் உண்மையாகவே அமைந்திருக்கும், பிறகு நாம் உள்ளே போய்த் திருகலாம். தேடல் ஒரே நேரத்தில் பல வழிகளில் நடக்கும். ஒவ்வொன்றும் மெல்ல மெல்ல மூலச் சத்தத்துக்குக் கிட்ட வருவதைக் கேட்டுக்கொண்டே இருக்கலாம். இதில் வேடிக்கை என்னவென்றால், முழுதாகக் கிட்ட வந்த பட்சைவிட அரைகுறையாக நின்றதுதான் எனக்குப் பல தடவை பிடித்துப்போனது. உடுக்கின் ஒரு தட்டைக் கொடுத்தபோது நடுவில் ஒரு பட்ச், தோலும் உலோகமும் கலந்த மாதிரி ஒன்றைத் தந்தது. ஒரு பேய்க்கதைக் குறும்படம் முழுக்க அதை வைத்தே ஓட்டினேன்.

உடுக்கு, கோயில் மணி, சேமக்கலம், கிணற்றுக் கட்டில் வாளி மோதுகிற சத்தம் என்று, அடித்தவுடன் எழும்பி அடங்கிப்போகிற எதற்கும் இது நன்றாக வேலைசெய்யும். சிக்கல் நீண்டு ஒலிக்கிற சத்தங்களில்தான்.

பட்டத்தில் கட்டுகிற விண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். தைப்பொங்கல் காலத்தில் வடமராட்சிப் பக்கம் போனவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. வில்லாக வளைத்த தடியில் நாடாவை இழுத்துக் கட்டி, அதைப் பட்டத்தில் பூட்டி ஏற்றினால், காற்றில் நாடா அதிர்ந்து இரவிரவாகக் கூவிக்கொண்டிருக்கும். பொங்கலன்று வல்வெட்டித்துறை உதயசூரியன் கடற்கரையில் பட்டப்போட்டிக்குத் திரளுகிற சனத்துக்கு நடுவில் அதை ஒலிப்பதிவு செய்வது ஆகாத காரியம். பின்நேரம் கழிய, தோட்டவெளியில் யாரோ கட்டிவிட்டுப் போன பட்டத்துக்குக் கீழே நின்று பதிவுசெய்தேன். மைக்குக்குக் கட்டாயம் ரோம உறை போடவேண்டும், இல்லாவிட்டால் வாடைக்காற்று மட்டும்தான் பதிவாகும்.

அந்தப் பதிவிலிருந்து ஒரு துண்டை வெட்டி ஜெனோபட்சுக்குக் கொடுத்தேன். நிறம் அச்சொட்டாக வந்தது. கீயை அமத்திப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிடம் கேட்டால், அது விண் இல்லை, ஃபிரிட்ஜ் இரைகிற சத்தம். ஏனென்றால் விண்ணின் உயிர் காற்றின் ஏற்ற இறக்கத்தில் இருக்கிறது. காற்று விழும்போது சுருதி இறங்கும், அடிச்சுரத்துக்கு மேலே சேர்ந்து ஒலிக்கிற மேல் ஒலிகள் ஒவ்வொன்றாகக் கழன்றுபோகும், பிறகு திடீரென்று எல்லாம் சேர்ந்து எழும்பும். ஒரு கணத்தின் துண்டைக் கேட்ட கருவிக்கு இந்தக் கதை எப்படித் தெரியும்? அதைக் குறையாகச் சொல்லவும் முடியாது, கொடுத்ததற்கு ஏற்ற பதிலைத்தான் அது தருகிறது.

கடைசியில் விண் பிரச்சினையைத் தீர்த்தது செயற்கை நுண்ணறிவே இல்லை. வைற்றல் என்ற சின்த் 2020இல் வந்தது, அடிப்படைப் பதிப்பு இலவசம். அதற்குள் ஒரு ஒலிப்பதிவை இழுத்துப் போட்டால் அதை வேவ்டேபிளாக, அதாவது ஒன்றிலிருந்து ஒன்றுக்கு நகரக்கூடிய அலைவடிவங்களின் அடுக்காக மாற்றித் தரும். 2048 புள்ளிகள் கொண்ட அலைவடிவங்கள் 256 வரை அதில் அடுக்கலாம். விண் விழுந்து எழும்புகிற நீண்ட பகுதியை உள்ளே போட்டு, எந்த அலைவடிவம் ஒலிக்கவேண்டும் என்பதை வைற்றலின் றண்டம் மொடுலேட்டரின், அதாவது திருகுகளைத் தன்பாட்டில் அசைக்கிற பகுதியின் கையில் கொடுத்தேன். அதில் பேர்லின் (Perlin) என்று ஒரு வகை உண்டு. தாறுமாறாகத் துள்ளாமல், அலைந்து அலைந்து போகும். அதே மொடுலேட்டரைச் சுருதிக்கும் கொஞ்சம், ஃபில்டருக்கும் கொஞ்சம் இணைத்தேன். மூன்றும் ஒன்றாக விழுந்து ஒன்றாக எழும்பத் தொடங்கியதும் சத்தம் பட்டத்தில் ஏறிவிட்டது. செயற்கை நுண்ணறிவு என்ற முத்திரை ஒட்டியிருப்பதுதான் எப்போதும் நல்ல கருவி என்று நினைக்கிற தம்பிமாருக்காக இதைக் குறிப்பிட்டுச் சொல்கிறேன்.

அடுத்தது டிடிஎஸ்பி. கூகுளின் மெஜென்டா குழு 2020இல் ஆய்வாக வெளியிட்டு, 2022இல் இசை மென்பொருளுக்குள் பூட்டிப் பாவிக்கிற இலவச பிளக்கினாகவும் தந்தது. இது வேலைசெய்கிற விதமே வேறு. நீங்கள் பாடினால் உங்கள் குரலிலிருந்து சுருதியையும் சத்த அளவையும் மட்டும் எடுத்துக்கொள்ளும். அந்த இரண்டையும் வைத்து, ஒரு நரம்பு வலையமைப்பு மேல் ஒலிகளின் அளவுகளையும் இரைச்சலின் வடிவத்தையும் கணத்துக்குக் கணம் தீர்மானிக்கும். பிறகு வழக்கமான சின்த் போலச் சைன் அலைகளைக் கூட்டி ஒலியாக்கும். அதாவது, அசைவை அது உங்களிடம் விட்டுவிடுகிறது, நிறத்தை மட்டும் தான் பார்த்துக்கொள்கிறது. சங்கீதம் கொஞ்சம் தெரிந்தவர் தோடி ராகத்தில் காந்தார சுரத்தை அசைத்துப் பாடினால், அந்த அசைவு அப்படியே வயலினிலோ சக்ஸஃபோனிலோ வரும். கீபோட்டில் சுருதியை ஏற்றி இறக்குகிற பிட்ச் வீலை எவ்வளவு உருட்டினாலும் அது வராது. இவ்வளவு காலமும் பாவித்தவற்றில் என்னை உண்மையாக ஆச்சரியப்படுத்தியது இது ஒன்றுதான்.

அதோடு, உங்களுடைய சொந்தப் பதிவைக் கொடுத்துப் புதிய வாத்தியம் ஒன்றைப் பழக்கவும் முடியும். ஒரு நேரத்தில் ஒரு சுரம் மட்டும் ஒலிக்கிற வாத்தியமாக இருக்கவேண்டும். நாதஸ்வரம் இதற்காகவே பிறந்தது போல இருக்கிறது. தவிலும், சுருதிக்குப் பிடிக்கிற ஒத்தும் இல்லாத தனிப்பதிவு வேண்டும் என்பதால், தெரிந்த வித்துவான் ஒருவரை இணுவிலில் அவர் வீட்டிலேயே பதிவுசெய்தேன். கோயில் லவுட்ஸ்பீக்கர் இல்லாத நாளாகப் பார்த்துப் போகவேண்டியிருந்தது. எங்கள் ஊரில் அது லேசான காரியம் இல்லை.

நான் செய்யப்போவதை விளங்கப்படுத்தியபோது அவர் சீவாளியைத் துடைத்துக்கொண்டே கேட்டார்: "தம்பி, அப்ப நான் வராத இடத்திலயும் உது என்ர சத்தத்தில வாசிக்குமோ?"

"ஓம் ஐயா, வாசிக்கும். ஆனா நீங்கள் வாசிக்கிற மாதிரி இராது."

"மாதிரி இராட்டி ஏன் செய்யிறாய்?"

அந்தக் கேள்விக்கு நேர்மையான பதில் காசுதான். குறும்படக்காரர்களிடம் நேரடி வாசிப்புக்குக் காசு இருப்பதில்லை. இதை அவரிடமே சொன்னேன். ஒலிப்பதிவுக்கு உரிய சன்மானத்தைக் கொடுத்து, அந்த மொடலை யாருக்கும் கைமாற்றுவதில்லை என்றும், அதை வைத்து முன் மாதிரி மட்டும் செய்வது, படத்தில் நாதஸ்வரம் முன்னுக்கு வருகிற இடம் இருந்தால் அவரையே கூப்பிடுவது என்றும் பேசிக்கொண்டோம். இணையத்தில் கிடக்கிற பதிவுகளை அள்ளிப்போட்டு மொடல் பழக்குகிற ஆட்கள் இதை ஒருதரம் யோசித்துப் பார்க்கலாம்.

மொடல் எப்படி வந்தது? நடு ஸ்தாயியில், நிதானமான ஆலாபனையில், கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் நாதஸ்வரம்தான். வேகமான பிருகா போனால் குழம்பும். மேல் ஸ்தாயியில் சத்தம் மந்தமாக இருக்கும். இதற்கு ஒரு காரணம் உண்டு. டிடிஎஸ்பி ஆய்வு நடந்தது 16 கிலோஹேர்ட்ஸ் மாதிரி வீதத்தில், அதாவது ஒலியைச் செக்கனுக்கு 16,000 தடவை அளந்து. அதில் பாதிவரைதான் பதிவாகும், ஆகவே 8 கிலோஹேர்ட்ஸுக்கு மேலே உள்ளது அதற்குக் கேட்காது. வீதியில் அரை மைலுக்கு அப்பாலிருந்தும் நாதஸ்வரத்தை அடையாளம் காட்டுகிற அந்தக் கூர்மை கொஞ்சம் கழன்றுபோகிறது. மேலே, ஒலியைச் சற்றுச் சிதைத்துப் புது மேல் ஒலிகளைச் சேர்க்கிற சாச்சுரேஷன் போட்டு ஓரளவு ஒப்பேற்றலாம். ரேவ் என்று பிரான்ஸின் இர்காம் ஆய்வு நிலையத்திலிருந்து 2021இல் வந்த முறை 48 கிலோஹேர்ட்ஸில் வேலைசெய்யும், தரமும் அதிகம். ஆனால் அதைப் பழக்க நல்ல ஜிபியூவும், மணிக்கணக்கான பதிவும், நாட்கணக்கான நேரமும் வேண்டும். எனக்கு அது கட்டுபடியாகாது, அந்தப் பக்கம் போகவில்லை.

இனி, கேட்டால் பதில் சொல்கிற அரட்டைக் கருவிகள். இவற்றைப் பற்றி என் எண்ணம் மாறிக்கொண்டே இருக்கிறது. "நாதஸ்வரம் போன்ற பட்ச் செய்வது எப்படி" என்று கேட்டால் ஷெனாய்க்கும் ஓபோவுக்கும் பொதுவான ஏதோ ஒன்றைச் சொல்லும். இல்லாத நொப்பைத் திருகச் சொன்ன சந்தர்ப்பங்களும் உண்டு. ஆனால் கேள்வி இயற்பியல் பக்கம் இருந்தால் பதில் நன்றாக இருக்கும். டெக்ஸெட்டில் மணி ஒன்று செய்யவேண்டியிருந்தது. டெக்ஸெட் என்பது 1983இல் யமஹா வெளியிட்ட டிஎக்ஸ்7 கீபோட்டின் இலவச மென்பொருள் வடிவம், அலை எழுப்புகிற ஆறு ஒபரேட்டர், அவற்றை இணைக்கிற 32 வழிகள் (அல்கோரிதம்), பார்த்தாலே தலை சுற்றும். மணியின் மேல் ஒலிகள் முழு எண் விகிதத்தில் இருப்பதில்லை, ஆகவே மொடுலேட்டரை, அதாவது மற்ற அலையை அசைக்கிற ஒபரேட்டரை, 1.4 விகிதத்தில் வைத்துப் பார் என்றது அரட்டைக் கருவி. பிறகு தேடிப் பார்த்தால், டிஎக்ஸ்7க்கு அடிப்படையான, ஒரு அலையால் இன்னொரு அலையை அசைக்கிற எஃப்எம் முறையைக் கண்டுபிடித்த ஜோன் சௌனிங் 1973 கட்டுரையில் மணிக்குக் கொடுத்ததும் அதே விகிதம்: 200 ஹேர்ட்ஸுக்கு 280. டெக்ஸெட்டில் விகிதத்தைக் குறிக்கிற இரண்டு திருகுகளில் அது கோர்ஸ் 1, ஃபைன் 40. அங்கிருந்து எங்கள் கண்டாமணிக்குக் கொண்டுவர இன்னும் இரண்டு ஒபரேட்டர்களைக் காதால்தான் ஒழுங்குபண்ணினேன்.

இன்னொரு விளையாட்டும் உண்டு. வைற்றலின் பிரீசெட் ஃபைல் உள்ளே வெறும் ஜேசன் (JSON) எழுத்து, யாரும் திறந்து வாசிக்கலாம். ஆகவே ஒரு பிரீசெட்டையே எழுதித் தரச் சொல்லலாம். எழுதியும் தரும், ஆனால் திறந்தால் சத்தம் சொன்னபடி இராது. காரணத்தைத் தோண்டிப் பார்த்தேன். என்வலப்பின் நேரத்தை அந்த ஃபைல் செக்கன்களில் வைப்பதில்லை, அதன் நான்காம் மூலத்தை வைக்கிறது. சத்தம் எழும்ப எடுக்கிற நேரம், அதாவது அட்டக், இரண்டு செக்கன் வேண்டுமானால் 1.189 என்று எழுதவேண்டும். அரட்டைக் கருவி 0.5 என்று எழுதினால் வருவது அரைச் செக்கன் இல்லை, 0.0625. ஃபில்டர் வெட்டத் தொடங்குகிற இடமான கட்டொஃப்பும் ஹேர்ட்ஸில் இல்லை, கீபோட்டின் சுரங்களுக்கு மிடி முறையில் கொடுக்கிற எண்ணில் இருக்கிறது. இந்த இரண்டையும் முதலிலேயே சொல்லி, ஒரு வெற்றுப் பிரீசெட்டையும் கையில் கொடுத்து, இதில் மட்டும் மாற்று என்று கேட்டால் திடீரென்று புத்திசாலியாகிவிடும். இப்போது பட்ச் ஒன்றுக்குப் பல வகைகள் வேண்டியபோது இப்படித்தான் செய்கிறேன்.

டிஎக்ஸ்7க்குச் செயற்கை நுண்ணறிவால் கற்பனையான 32 ஒலிகள் கொண்ட காட்ரிஜ்களை, அதாவது ஒலித் தொகுப்புகளை உருவாக்கித் தருகிற ஒரு தளமும் இருக்கிறது. சும்மா இருக்கும் நேரத்தில் தட்டிப் பார்க்க நல்லது. பெரும்பாலும் ஓகன், மணி, தகரம்.

எழுத்தில் விவரித்தால் ஒலியாகவே தருகிற சந்தா சேவைகளை நான் விட்டுவிட்டேன். தரம் மோசம் என்பதற்காக இல்லை. இயக்குநர், "அண்ணா, அதே சத்தம்தான், ஆனா கொஞ்சம் பிந்தி எழும்பட்டும்" என்று சொன்னால், என்னிடம் திருகுவதற்கு எதுவும் இருக்காது. மறுபடி கேட்டால் வேறொன்று வரும். பட்சாக இருந்தால் அட்டக்கை இழுத்துவிட்டுப் போய்விடலாம். டொலரில் மாதாமாதம் கட்டுவது, இணையம் இல்லாவிட்டால் கையைக் கட்டிக்கொண்டு இருப்பது என்ற தொல்லைகள் தனி. 2022இல் கரண்ட் நின்ற நாட்களைப் பார்த்த பிறகு, லப்டொப்பிலேயே ஓடாத எதையும் நம்பித் திகதி கொடுக்க எனக்கு மனம் வருவதில்லை.

என்னுடையது 8 ஜிபி றாம் உள்ள சாதாரண லப்டொப். வைற்றலும் டெக்ஸெட்டும் தடையில்லாமல் ஓடும். ஜெனோபட்ச் தேடும்போது மின்விசிறி இரையும், அந்த நேரத்தில் பக்கத்தில் மைக்கைத் திறந்து வைக்காதீர்கள். டிடிஎஸ்பியை ஒரு ட்ராக்குக்கு மேல் ஒன்றாக ஓட்டினால் இடறும், ஆகவே ஒன்று முடிந்ததும் ஒலியாக எழுதி வைத்துவிட்டு அடுத்ததற்குப் போவேன். பாடிய மூலக் குரலையும் அதே ஃபோல்டரில் கட்டாயம் வைத்திருப்பேன், பிறகு வித்துவான் வந்து வாசிக்கும்போது அவருக்குப் போட்டுக் காட்டுவது அந்தக் குரலைத்தான்.