கிளப் ஐடி தருகிறோம் என்று போக்கருக்கு அழைக்கிறார்களா? பணம் கட்டும் முன் படியுங்கள்

டெலிகிராமிலோ வாட்ஸ்அப்பிலோ முதலில் ஒரு செய்தி வரும். "ப்ரோ, டெய்லி டேபிள் ஓடுது. 5/10 பிளைண்ட், பை-இன் 1000, வித்ட்ராவல் இன்ஸ்டன்ட், ஜிஎஸ்டி இல்ல, டிடிஎஸ் இல்ல." பிளைண்ட் என்பது ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன் இரண்டு பேர் கட்டாயமாகப் போடும் பணம், பை-இன் என்பது மேசையில் உட்காரக் கட்டும் தொகை. கூடவே ஒரு செயலியின் பெயரும் கிளப் ஐடி என்று ஒரு எண்ணும் இருக்கும். செயலியை இறக்கி அந்த எண்ணைப் போட்டுச் சேர்ந்ததும், அந்தக் கிளப்புக்கு (செயலிக்குள் இருக்கும் தனி ஆட்டக் குழு) ஆள் சேர்க்கும் ஏஜென்ட் ஒரு யுபிஐ ஐடி அனுப்புவார். ஆயிரம் ரூபாய் போட்டால் ஆயிரம் சிப்ஸ் ஏறும். முதல் தடவை ஜெயித்துக் கேட்டால் பத்தே நிமிடத்தில் பணம் வந்துவிடும். தூண்டிலில் மாட்டிய புழு அந்த முதல் பேமெண்ட்தான்.

இப்படிப்பட்ட கிளப்புகளில் எப்படி ஏமாற்றுகிறார்கள், ஏமாந்தவருக்கு அது ஏன் கடைசிவரை தெரிவதில்லை என்பதற்காகத்தான் இந்தப் பதிவு.

2025 ஆகஸ்ட் 21 அன்று நாடாளுமன்றம் ஆன்லைன் விளையாட்டுச் சட்டத்தை நிறைவேற்றியது. மறுநாளே குடியரசுத் தலைவர் ஒப்புதல் கொடுத்தார். திறமை ஆட்டமா அதிர்ஷ்ட ஆட்டமா என்ற பேதம் பார்க்காமல், பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டம் எல்லாவற்றையும் அது தடை செய்கிறது. நடத்துகிறவருக்கு 3 ஆண்டு வரை சிறை, 1 கோடி ரூபாய் வரை அபராதம். விளம்பரம் செய்கிறவருக்கு 2 ஆண்டு, 50 லட்சம். ஆடுகிறவருக்கு இந்தச் சட்டத்தில் தண்டனை கிடையாது. பெரிய இந்தியச் செயலிகள் பண மேசைகளை உடனே மூடிவிட்டன. அதற்கு முன் தமிழ்நாட்டில், போக்கரும் ரம்மியும் திறமை ஆட்டங்கள் என்று 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருந்தது. 2025இல் வந்த மாநில விதிகள் நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை பண ஆட்டத்தை நிறுத்தி வைக்கச் சொல்லின. அந்தச் செயலிகளின் மேல் எவ்வளவு குறை சொன்னாலும், புகார் கொடுக்க ஒரு முகவரியாவது இருந்தது. அவை மூடிய இடத்தில்தான் இன்று ஏஜென்ட்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். இவர்களுக்கு ராத்திரி 12 மணிக் கட்டுப்பாடும் கிடையாது.

போக்கர் பிடித்துப்போவதற்கு நியாயமான காரணங்கள் உண்டு. கையில் இரண்டு சீட்டு, நடுவில் எல்லாருக்கும் பொதுவாக ஐந்து. அந்த இரண்டு சீட்டு 1,326 விதமாக வரலாம். ஏஸ் ஜோடி சராசரியாக 221 ஆட்டத்துக்கு ஒரு முறைதான் வரும். ரம்மியில் கை மோசமாக விழுந்தால் ஸ்கூட் விடுவதைத் தவிரப் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது. போக்கரில் கையில் ஒன்றுமே இல்லாதபோதும், எதிரில் இருப்பவரின் தயக்கத்தைப் படித்துச் சரியான நேரத்தில் ரெய்ஸ் செய்து, அதாவது பந்தயத்தை ஏற்றி, அவரைப் பின்வாங்க வைத்தால் மொத்த பாட், அதாவது நடுவில் சேர்ந்த பணம் முழுவதும், உங்களுடையது. அடுத்தவர் மனதைப் படித்து ஜெயித்தோம் என்கிற அந்த நிறைவு உண்மையானது. அதைக் குறைத்துப் பேச வேண்டியதில்லை.

இன்னொரு காரணமும் உண்டு. நேற்று செஸ் கற்றுக்கொண்டவர் கிராண்ட்மாஸ்டரை ஒருநாளும் ஜெயிக்க முடியாது. போக்கரில் ஒரு சாயங்காலத்துக்கு அது முடியும். ஏஸ் ஜோடியோடு ராஜா ஜோடி மோதினால் ஏறக்குறைய ஐந்தில் ஒரு தடவை ராஜா ஜெயிக்கும். 2003இல் கிறிஸ் மணிமேக்கர் என்ற கணக்காளர், நூறு டாலருக்கும் குறைவான ஆன்லைன் தகுதிப் போட்டி வழியாக 10,000 டாலர் நுழைவுக் கட்டணம் உள்ள உலகப் போட்டிக்குப் போனார். 839 பேர் ஆடிய அந்தப் போட்டியில் 25 லட்சம் டாலர் ஜெயித்தார். அடுத்த ஆண்டு அதே போட்டிக்கு 2,576 பேர் வந்தார்கள்.

இப்போது கணக்குக்கு வருவோம். 100 ஆட்டத்துக்கு 5 பிக் பிளைண்ட் (இரண்டு பிளைண்டில் பெரியது, 5/10 மேசையில் 10 ரூபாய்) லாபம் எடுத்தாலே நல்ல ஆட்டக்காரர். அதே 100 ஆட்டத்தில் அதிர்ஷ்டத்தின் ஏற்ற இறக்கம் மட்டும் சுமார் 100 பிக் பிளைண்ட். அவர் 10,000 ஆட்டம் ஆடினால் எதிர்பார்க்கும் லாபம் 500, ஏற்ற இறக்கமோ 1,000. அவ்வளவு நன்றாக ஆடியும், அத்தனை ஆட்டம் முடிந்த பிறகு நஷ்டத்தில் நிற்கும் வாய்ப்பு அவருக்குக் கிட்டத்தட்ட மூன்றில் ஒன்று. மணிக்கு 70 ஆட்டம் என்று வைத்தால் 10,000 ஆட்டம் என்பது 140 மணி நேரத்துக்கு மேல். அத்தனை நேரம் ஆடியும் திறமையா அதிர்ஷ்டமா என்று தெரியாத இடத்தில், மூன்றாவதாகத் திருட்டு என்று ஒன்று புகுந்தால் யார் கண்ணுக்குத் தெரியும்? தோற்றவர் 'இன்னைக்கு நேரம் சரியில்லை' என்று சொல்லிவிட்டு மறுபடி பணம் போடுவார்.

கூட்டுக் களவாணித்தனம் நடக்கும் விதத்தைக் கிட்ட இருந்து பாருங்கள். 10/20 பிளைண்ட் மேசை. உங்கள் கையில் ஜாக் ஜோடி. உங்களுக்கு முன்னால் இருப்பவர் 60க்கு ரெய்ஸ் செய்கிறார். நீங்களும் அதே 60ஐப் போட்டுக் கால் செய்கிறீர்கள். உங்களுக்குப் பின்னால் இருப்பவர் அதை 240 ஆக்குகிறார். முதல் ஆள் 700 என்கிறார். இரண்டு பேர் மாறி மாறி ஏற்றும்போது ஜாக் ஜோடியை வைத்துக்கொண்டு நடுவில் நிற்க யாருக்கும் துணிவு வராது. சீட்டைக் கீழே போட்டு ஃபோல்டு செய்கிறீர்கள். பின்னால் இருந்தவரும் சத்தமில்லாமல் ஃபோல்டு செய்துவிடுவார். சீட்டைத் திறந்து காட்ட வேண்டிய கட்டமே வரவில்லை, முதல் ஆள் கையில் இருந்தது வெறும் 7ம் 2ம் என்றாலும் உங்களுக்குத் தெரியப்போவதில்லை. பின்னவர் விட்ட 240 கூட்டாளியிடம்தான் போயிருக்கிறது, ராத்திரி பங்கு போட்டுக்கொள்வார்கள். நிஜமாகப் போனது உங்கள் 60ம் பிளைண்ட் பணமும்தான். மணிக்கு நான்கு தடவை இப்படி நடந்தால் உங்களுக்கு 240 ரூபாய், அதாவது 12 பிக் பிளைண்ட் நஷ்டம். நல்ல ஆட்டக்காரரின் லாபத்தைவிட இது பல மடங்கு. இதைத் திறமையால் ஈடுகட்ட யாராலும் முடியாது.

இன்னொரு வகை இதைவிட நுணுக்கமானது. உங்கள் கையில் இரண்டு ஹார்ட், ஃப்ளாப்பில் (நடுவில் முதலில் திறக்கும் மூன்று சீட்டு) இரண்டு ஹார்ட். மிச்சம் 9 ஹார்ட் இருக்கிறது, ரிவருக்குள் (கடைசிப் பொதுச் சீட்டு) ஃப்ளஷ், அதாவது ஒரே இனத்தில் ஐந்து சீட்டு, அமைய 35 சதவீத வாய்ப்பு என்று கணக்குப் போட்டுப் பணம் போடுகிறீர்கள். மேசையில் மூன்று பேர் போனில் பேசிக்கொண்டு ஆடுகிறார்கள். அவர்களின் ஆறு சீட்டில் நான்கு ஹார்ட் இருந்தால் உங்கள் உண்மையான வாய்ப்பு 23 சதவீதம்தான். நேர்மையான மேசையிலும் சீட்டு இப்படி விழலாம். ஆனால் அங்கே அது ஒருவருக்கும் தெரியாது. இங்கே எதிரில் இருப்பவர் தெரிந்துகொண்டே பந்தயத்தை ஏற்றுவார்.

அடையாளங்கள் சில உண்டு. குறிப்பிட்ட இரண்டு பெயர்கள் ஒரே நேரத்தில் உட்கார்ந்து ஒரே நேரத்தில் எழுந்து போகும். மற்றவர்கள் ஃபோல்டு ஆகி அந்த இருவர் மட்டும் மிஞ்சினால் பந்தயமே இல்லாமல் செக், செக் என்று முடியும். ஒருவர் மேல் ஒருவர் பெரிய பாட் ஜெயித்ததே இருக்காது. பழைய ஆட்டங்களைச் செயலி சேமித்து வைத்திருந்தால் கடைசி 200 ஆட்டத்தை எடுத்து, அந்த இரு பெயர்களுக்கு மட்டும் உட்கார்ந்து எண்ணுங்கள். எந்த முடிவுக்கும் சரியாக அதே இரண்டு விநாடி எடுத்துக்கொண்டு நாளெல்லாம் ஆடுகிற பெயர் இருந்தால் பெரும்பாலும் அது மனிதர் இல்லை, தானாக ஆடும் கணினி நிரல் (bot).

மேசையில் இருப்பவர்கள் நல்லவர்களாகவே இருந்தாலும், உள்ளே இருந்து சீட்டைப் பார்க்கும் ஆள் இருந்தால்? 2007இல் அப்சல்யூட் போக்கர் தளத்தில் அதுதான் நடந்தது. ஒரு போட்டியின் கடைசி ஆட்டத்தில், பத்துக்கு மேல் ஒன்றுமில்லாத கையோடு ஒருவர் எதிராளியின் ஆல்-இன்னுக்கு (கையில் உள்ள மொத்தச் சிப்ஸையும் பந்தயம் வைப்பது) கால் சொல்லி ஜெயித்தார். இரண்டாம் இடம் வந்தவர் ஆட்டப் பதிவைக் கேட்டார். நிறுவனம் தவறுதலாக எல்லாருடைய மறைவுச் சீட்டும் அடங்கிய கோப்பை அனுப்பிவிட்டது. அதை ஆட்டக்காரர்கள் வரிவரியாக அலசினார்கள். ஜெயித்தவர் முதல் இரண்டு ஆட்டத்தில் ஃபோல்டு செய்திருந்தார். பிறகு ஒரு பார்வையாளர் கணக்கு அந்த மேசைக்குள் வந்தது. அதிலிருந்து இருபது நிமிடம் அவர் ஃப்ளாப்புக்கு முன் ஒரு தடவைகூட ஃபோல்டு செய்யவில்லை. முதன்முதலாகச் செய்தபோது எதிராளி கையில் ராஜா ஜோடி. அடுத்த ஆண்டு அதன் சகோதரத் தளமான அல்டிமேட்பெட்டிலும் இதே திருட்டு வெளியே வந்தது, அங்கே போனது 2 கோடி டாலருக்கு மேல். கோப்பு கை தவறி வராமல் இருந்திருந்தால் முதல் திருட்டு வெறும் சந்தேகமாகவே முடிந்திருக்கும். உங்கள் கிளப்பில் அப்படிக் கோப்பு கேட்கக்கூட ஆள் கிடையாது.

கட்டிய பணம் எங்கே இருக்கிறது என்பது அடுத்த கேள்வி. ஃபுல் டில்ட் போக்கர் உலகத்தின் பெரிய தளங்களில் ஒன்று. 2011 ஏப்ரல் 15 அன்று அமெரிக்க அரசு அதை முடக்கியபோது, ஆட்டக்காரர்களுக்குத் தர வேண்டியது சுமார் 39 கோடி டாலர், வங்கியில் இருந்தது சுமார் 6 கோடி. திரையில் காட்டிய இருப்பு வெறும் எண். அமெரிக்க ஆட்டக்காரர்களுக்குப் பணம் திரும்பக் கிடைக்கத் தொடங்கியது 2014இல்தான், அதுவும் அதன் போட்டியாளரான இன்னொரு நிறுவனம் அரசோடு சமரசம் செய்துகொண்டதால். அவ்வளவு பெரிய நிறுவனத்துக்கே அந்தக் கதி. ஏஜென்ட் விஷயத்தில், 'இந்தச் சிப்ஸுக்குப் பண மதிப்பு இல்லை' என்று செயலியின் நிபந்தனைகளிலேயே எழுதியிருக்கும். பெரிய தொகை ஜெயித்துக் கேட்கும்போது முதலில் 'சர்வர் பிரச்சினை' என்பார், பிறகு 'திங்கட்கிழமை செட்டில்மென்ட்' என்பார், அப்புறம் உங்களை பிளாக் செய்வார். செயலிக்காரரிடம் போனால் 'நாங்கள் உங்களிடம் பணமே வாங்கவில்லையே' என்பார். அவர் சொல்வது பொய்யும் இல்லை.

ஒருவருமே ஏமாற்றாத மேசையிலும் ரேக், அதாவது ஒவ்வொரு பாட்டிலிருந்தும் கிளப் எடுத்துக்கொள்ளும் பங்கு, தின்றுவிடும். ஆறு பேர் ஆளுக்கு ஆயிரம், மேசையில் 6,000. சராசரி பாட் 200, ரேக் 5 சதவீதம் என்றால் ஆட்டத்துக்கு 10 ரூபாய். மணிக்கு 70 ஆட்டத்தில் 700. நான்கு மணி நேரத்தில் 2,800 ரூபாய், பாதிக்குக் கொஞ்சம் குறைவு, கிளப்புக்குப் போய்விடும். அதனால்தான் தோற்றவருக்கு ராத்திரி இரண்டு மணிக்கும் ஏஜென்ட் கடனாகச் சிப்ஸ் ஏற்றுகிறார். ஏஸ் ஜோடி அடிபட்ட கோபத்தில், விட்டதைப் பிடிக்க வேண்டும் என்று பெரிய பிளைண்டுக்குத் தாவும் அந்த நேரத்துக்கு ஆட்டக்காரர்கள் வைத்த பெயர் டில்ட். கடன் சிப்ஸ் சரியாக அந்த நேரத்தில் வரும். கையில் காசாக எடுத்துக் கொடுத்தால் நிறுத்தத் தோன்றும். கடனாக ஏறிய எண்ணுக்கு அந்த உறுத்தல் வராது. வார முடிவில் கணக்கு வரும்போது 15,000, 20,000 என்று நிற்கும், கட்டாவிட்டால் வீட்டுக்குப் போன் வரும்.

வீட்டில் கூடி நேருக்கு நேர் ஆடினால் பயமில்லை என்று நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 2025 அக்டோபரில் நியூயார்க் புரூக்ளின் அரசு வழக்கறிஞர்கள் தாக்கல் செய்த குற்றச்சாட்டின்படி, தனியார் மேசைகளில் சீட்டுக் கலக்கும் இயந்திரத்தையே மாற்றியமைத்திருந்தார்கள். இயந்திரம் சீட்டு வரிசையைப் படித்து வெளியே இருப்பவருக்கு அனுப்பும், அவர் மேசையில் இருக்கும் கூட்டாளியின் போனுக்குச் சொல்வார், கூட்டாளி சைகையில் மற்றவர்களுக்குச் சொல்வார். நம் ஊர் மேசைகளில் அவ்வளவு செலவு தேவைப்படுவதில்லை, ஓரத்தில் கண்ணுக்குத் தெரியாத மை அடித்த சீட்டுக்கட்டும் அதைப் படிக்கும் போன் மாதிரிக் கருவியும் போதும். பிரிக்காத சீட்டுக்கட்டை ஆடுகிறவர்களே வாங்கிவர வேண்டும். கலக்கியவர் வேறு, வெட்டுகிறவர் வேறாக இருக்க வேண்டும். மேசை மேல் ஒரு போன்கூட இருக்கக் கூடாது.

பலரும் எதிர்பார்க்காத அடி வங்கியிலிருந்து வரும். ஜெயித்த பணத்தை ஏஜென்ட் தன் சொந்தக் கணக்கிலிருந்து அனுப்புவதில்லை. யார் யார் பெயரிலோ இருக்கும் வாடகைக் கணக்குகளிலிருந்து வரும். அதில் இணைய மோசடியில் ஏமாந்த யாரோ ஒருவரின் பணம் கலந்திருந்தால், அவர் புகார் கொடுத்ததும் போலீஸ் அந்தப் பணம் போன வழியெல்லாம் தொடர்ந்து வரும். நடுவில் உங்கள் கணக்கும் இருக்கும். உங்களுக்கு வந்தது 3,000 ரூபாய்தான் என்றாலும், சம்பளம் விழும் கணக்கில் லீன் (அந்தத் தொகையை எடுக்க முடியாதபடி ஒரு தடை) போட்டுவிடுவார்கள். சில சமயம் கணக்கே முடங்கும். வேறு மாநிலக் காவல் நிலையத்தில் போய் விளக்கம் சொல்ல வேண்டிவரும். 'டிடிஎஸ் (பணம் தரும்போதே பிடிக்கும் வரி) இல்ல' என்ற பேச்சுக்கு அர்த்தம், உங்கள் பக்கம் ஒரு துண்டுச் சீட்டுகூட இருக்காது என்பதுதான். ஜெயித்த பணத்துக்கு 30 சதவீத வரி கட்டும் கடமை அப்போதும் உங்கள் தலையில்தான் இருக்கும்.

ஏற்கெனவே மாட்டியிருந்தால் முதலில் ஏஜென்ட்டோடு சண்டை போடாதீர்கள். சண்டை போட்டதும் செய்திகளை அழித்துவிட்டு உங்களைக் குழுவிலிருந்து நீக்கிவிடுவார். அதற்கு முன் அவரோடு பேசியது முழுவதையும் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். கிளப் ஐடி, அவருடைய செல் எண், பணம் போட்ட ஒவ்வொரு யுபிஐ ஐடி, ஒவ்வொரு பணப் பரிமாற்றத்துக்கும் வரும் பன்னிரண்டு இலக்க யுடிஆர் எண், சிப்ஸ் இருப்புத் திரை எல்லாம் வேண்டும். பிறகு உடனே 1930க்குப் போன் செய்யுங்கள், தேசிய இணையக் குற்றப் புகார் தளத்திலும் பதியுங்கள். பணம் அடுத்த கணக்குக்குத் தாவுவதற்குள் சொன்னால்தான் நிறுத்தி வைக்க வழி உண்டு, ஆகவே மணிக்கணக்கு முக்கியம். சிப்ஸை எடுக்க 'வரி', 'சரிபார்ப்புக் கட்டணம்' என்று மேற்கொண்டு கேட்டால் ஒரு ரூபாயும் அனுப்பாதீர்கள். ஏமாந்ததை எங்காவது எழுதினால் நாலைந்து நாளில் வேறொருவர் வருவார்: "உங்க பணத்தை மீட்டுத் தர்றோம் சார், ஃபைல் சார்ஜ் 2,500 மட்டும்." அந்த எண்ணையும் சேர்த்து 1930இல் கொடுங்கள்.